பன்னிரண்டு வோல்ட்தானே அண்ணே!

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் சோற்றில் கை வைத்த நேரத்தில் போன் வந்தது. கடலூர் மஞ்சக்குப்பத்துத் தம்பி ஒருவர், கல்யாணமாகி நாலு மாதம். சனிக்கிழமை புதுச்சேரி போய் காருக்கு ஒரு ஜோடி ஹார்ன் வாங்கி வந்திருக்கிறார். ஞாயிறு காலை வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு பானெட்டைத் திறந்து வேலையில் இறங்கிவிட்டார். பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் வேலை செய்ய வேண்டும் என்பது வரைக்கும் தெரிந்திருக்கிறது. கழற்றியது பாசிட்டிவ் முனையை முதலில்.

பத்து நம்பர் ஸ்பேனரைப் பிடித்த கையில் கல்யாண மோதிரம். மோதிரத்தின் ஒரு பக்கம் ஸ்பேனரில், மறுபக்கம் பேட்டரியை இறுக்கிப் பிடிக்கும் இரும்புக் கிளாம்பில் பட்டிருக்கிறது. ஒரு பொறி, ஒரு ‘டப்’. அவ்வளவுதான். விரலைச் சுற்றி மோதிர அகலத்துக்கு வெந்துவிட்டது. வீட்டில் பற்பசையை அப்பியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் மோதிரத்தை வெட்டித்தான் எடுத்தார்களாம். அவர் என்னிடம் கேட்டது இதுதான்: “ஷாக்கே அடிக்கலண்ணே. பன்னிரண்டு வோல்ட்தானே, எப்படிண்ணே விரல் வேகும்?”

என் கார் பட்டறைக்கு இந்த மாதத்தில் இது மூன்றாவது. முதல் ஆள் ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று 10 ஆம்பியர் இருந்த இடத்தில் 30 ஆம்பியரைச் செருகி, டாஷ்போர்டுக்கு அடியில் ஒயர் கட்டையே உருக்கிக்கொண்டு வந்தார். இரண்டாமவர் பேட்டரியில் எத்தனை ஆம்பியர் இருக்கிறது என்று பார்க்க, மல்டிமீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளையில் குத்தி, இரண்டு முனையையும் நேராகப் பேட்டரியில் வைத்துவிட்டார். மீட்டர் கையிலேயே வெடித்தது. மூன்று பேருமே படித்தவர்கள். மூன்று பேருமே சொன்ன வாக்கியம் ஒன்றுதான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பன்னிரண்டு வோல்ட் ஷாக் அடிக்காது. ஒத்துக்கொள்கிறேன். காய்ந்த தோலைத் தாண்டி உடம்புக்குள் மின்சாரத்தைத் தள்ள அந்த அழுத்தம் போதாது. நான் தினமும் வெறுங்கையில் தொடுகிறேன். ஆனால் கார் பேட்டரியைச் செய்தது உங்களுக்கு ஷாக் கொடுக்க இல்லை, எஞ்சினைச் சுற்றிக் கிளப்ப. செல்ஃப் அடிக்கும்போது சாதாரண பெட்ரோல் கார்கூட நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், டீசல் இன்னும் கூடுதல். நடுவில் மோட்டார் இல்லாமல் வெறும் இரும்பை இரண்டு முனைக்கும் குறுக்கே வைத்தால் அதே பேட்டரி பல நூறு ஆம்பியரைக் கொட்டும். உங்கள் வீட்டு மெயின் எம்.சி.பி. எத்தனை ஆம்பியரில் விழும் என்று போய்ப் பாருங்கள். 32 என்று எழுதியிருக்கலாம். காரில் பேட்டரியிலிருந்து செல்ஃபுக்குப் போகும் அந்தத் தடித்த கேபிளுக்குப் பெரும்பாலும் ஃபியூஸே கிடையாது. தடுக்க ஆளில்லை.

இன்னும் நம்பிக்கை வரவில்லையா? தெருமுனை கிரில் பட்டறையில் வெல்டிங் அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ராடு எரியும்போது அங்கே இருப்பது 20, 30 வோல்ட்தான். இரும்பை உருக்குவது வோல்ட் இல்லை, ஆம்பியர். உங்கள் பானெட்டுக்கு அடியில் இருப்பது ஒரு சின்ன வெல்டிங் மெஷின். தங்கத்துக்கும் வெள்ளிக் காப்புக்கும் அது மரியாதை கொடுக்காது. ஷாக் அடித்தாலாவது கையை இழுத்துக்கொள்வீர்கள். இது அடிக்காது, நேராகச் சுடும்.

அதனால் பானெட்டைத் திறக்கும் முன் மோதிரம், காப்பு, வாட்ச், தொங்கும் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். சென்டிமென்ட் எல்லாம் வேலை முடிந்த பிறகு. மோதிரத்தால் சுட்டுவிட்டால் வீங்கும் முன் அதைக் கழற்றப் பாருங்கள். இருபது நிமிஷம் குழாய்த் தண்ணீரில் விரலைக் காட்டுங்கள். பேஸ்ட், மாவு, இங்க் எதுவும் வேண்டாம். விரலைச் சுற்றி முழுவதும் வெந்திருந்தால் ரத்த ஓட்டம் தடைப்படலாம், ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும்.

கழற்றும்போது நெகட்டிவ் முதலில். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். காரின் பாடி முழுக்க நெகட்டிவ். நெகட்டிவ் நட்டைத் திருகும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால் ஒன்றும் ஆகாது. நெகட்டிவ் மாட்டியிருக்கும்போது பாசிட்டிவைத் திருகி ஸ்பேனர் பாடியில் பட்டால் என்ன ஆகும் என்று அந்தத் தம்பியின் விரலைக் கேளுங்கள். இதை என்னிடம் வேலை கற்க வரும் பையன்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவேன். ஒரு வாரம் கழித்து மாற்றிச் செய்தால் அன்று டீ வாங்கித் தர மாட்டேன்.

அடுத்தது ஃபியூஸ். இதைப் பற்றிப் பேசினாலே எனக்கு ரத்தம் கொதிக்கும். ஃபியூஸ் இருப்பது உங்கள் ஹார்னையோ லைட்டையோ காப்பாற்ற என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது ஒயரைக் காப்பாற்ற. அந்த ஒயர் எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போட்டு, அதற்குள் அறுந்து விழுகிற மாதிரி கம்பெனி ஒரு எண்ணை வைத்திருக்கிறது. சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. சிவப்பு போய்க்கொண்டே இருக்கிறது என்றால் எங்கேயோ ஒயர் தேய்ந்து பாடியில் படுகிறது, அல்லது தாங்காத பொருளை நீங்கள் மாட்டியிருக்கிறீர்கள். அங்கே பச்சையைச் செருகினால் இனி ஃபியூஸ் போகாது. ஒயர்தான் ஃபியூஸ். அது எரிவது கார்ப்பெட்டுக்கு அடியில், உங்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில். சிகரெட் பெட்டியின் சில்வர் பேப்பரைச் சுற்றிப் போட்டு வருகிறவர்களும் உண்டு. அவர்களிடம் நான் வாதாடுவதில்லை, வண்டிச் சாவியை வாங்கி வைத்துக்கொள்வேன்.

ஹெட்லைட் கதையும் இதுதான். கம்பெனி எச்4 பல்பு 60/55 வாட்ஸ். ஹை பீமில் ஒன்றுக்கு 5 ஆம்பியர், இரண்டுக்கும் 10. ராத்திரி பண்ருட்டி ரோட்டில் ஒன்றும் தெரியவில்லை என்று 100/90 போடுகிறீர்கள். இரண்டுக்கும் சேர்த்துப் பதினாறு ஆம்பியரைத் தாண்டிவிடும். ஒயர், ஸ்விட்ச், ஹோல்டர் எல்லாம் பழையதுதான். ஆறு மாதத்தில் ஹோல்டர் அப்பளம் மாதிரி பொரிந்து வரும். வெளிச்சம் போதவில்லையா, முதலில் மங்கிப்போன ஹெட்லைட் கண்ணாடியைப் பாலிஷ் போட்டு, எர்த் (பாடியில் சேரும் நெகட்டிவ் இணைப்பு) சுத்தமாக இருக்கிறதா என்று பாருங்கள். பாதிப் பேருக்கு அதிலேயே தீர்ந்துவிடும்.

ஆம்ப் (ஸ்பீக்கருக்கான ஆம்ப்ளிஃபையர்), ஏர் கம்ப்ரஸர் என்று பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் எடுப்பவர்களுக்கு ஒரே விஷயம்: பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ். டிக்கியில் ஆம்ப் பக்கத்தில் ஃபியூஸ் வைத்துவிட்டு “போட்டிருக்கேனே சார்” என்பார்கள். நடுவில் நாலு மீட்டர் ஒயர் வெறுமனே ஓடுகிறதே, அதற்கு யார் பொறுப்பு? எஞ்சினுக்கும் சீட்டுக்கும் நடுவிலிருக்கிற தகட்டில் ஓட்டை போட்டால் ரப்பர் வளையம் போட்டுத்தான் ஒயரை நுழைக்க வேண்டும். வீட்டு ஒயரிங் சுருளில் மிச்சம் இருந்ததை எஞ்சின் பக்கம் ஓட்டாதீர்கள். அதன் தோல் அந்தச் சூட்டுக்குச் செய்ததில்லை. முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவதும் வேண்டாம். சித்திரை வெயிலில் டேப்பின் பசை இளகி வழுக்கிக்கொண்டு போய்விடும். கிரிம்ப் அடித்து (இணைப்புக் குழாயில் விட்டு நசுக்கி) அல்லது சால்டர் வைத்து, மேலே சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள்.

நம் ஊருக்கு இன்னொன்றும் உண்டு. தேவனாம்பட்டினம், துறைமுகம் பக்கம் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு உப்புக்காற்று. கரண்ட் வருகிறதா என்று பார்க்க ஒயரின் தோலில் ஊசி குத்திவிட்டு மூடாமல் விடுகிறார்கள். அந்த ஊசித் துளை வழியாக ஈரம் உள்ளே போய் ஆறேழு மாதத்தில் செம்பு களிம்பேறிப் பச்சையாகி உதிரும். ஒரு வருஷம் கழித்து என்னிடம் வரும்போது குத்தினது யார் என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஒயர்களைச் சேர்க்கும் கப்ளரின் பின்பக்கமாக டெஸ்டரை விட்டுப் பார்க்கலாமே.

பழைய மெக்கானிக்குகள் மேல் எனக்கு மரியாதை உண்டு, நானும் அவர்களிடம் கற்றவன்தான். ஆனால் எஞ்சின் ஓடும்போதே பேட்டரி முனையைக் கழற்றி ‘டைனமோ சார்ஜ் போடுதா’ என்று பார்ப்பது அம்பாசடர் காலத்து வித்தை. இன்றைய காரில் ஆல்டர்னேட்டருக்கு பேட்டரிதான் தாங்கல். அதைப் பிடுங்கினால் வோல்ட்டேஜ் ஒரு கணம் எங்கேயோ எகிறி, எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈ.சி.எம்.மைச் சாப்பிட்டுவிடும். மல்டிமீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து பேட்டரியில் வையுங்கள். எஞ்சின் ஓடாமல் சுமார் 12.6, ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.4 வரை இருந்தால் சார்ஜ் ஏறுகிறது. சிவப்பு ஒயர் வோல்ட் துளையில் இருக்கிறதா என்று ஒருமுறைக்கு இரண்டுமுறை பாருங்கள், மேலே சொன்ன இரண்டாமவரை நினைத்துக்கொண்டு.

செத்த பேட்டரி வண்டியை இன்னொரு வண்டியின் பேட்டரியால் கிளப்பும் ஜம்ப் ஸ்டார்ட்டில் சிவப்பு கேபிள் இரண்டு பாசிட்டிவுக்கும். கறுப்பு நல்ல வண்டியின் நெகட்டிவுக்கு. கறுப்பின் மறுமுனை செத்த பேட்டரியில் வேண்டாம், எஞ்சினில் பெயின்ட் இல்லாத இரும்பில். கடைசி முனையில் பொறி வரும், சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். காற்றில் நூற்றுக்கு நாலு பங்கு சேர்ந்தாலே அது பற்றும். பேட்டரி மூடி பிளந்து ஆசிட் முகத்தில் தெறித்த ஒருவரை நான் தண்ணீர் ஊற்றி ஆட்டோவில் ஏற்றியிருக்கிறேன், அதற்குமேல் விவரிக்க விருப்பமில்லை. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், பீடி சிகரெட் தூரத்தில். சிப்காட் பக்கம் வண்டி நின்றுவிட்டால் லாரி டிரைவர் அண்ணன் நல்ல மனசோடு கேபிள் எடுத்து வருவார். வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிடுங்கள். லாரியில் இருப்பது 24 வோல்ட்.

தொடவே கூடாதது இரண்டு நிறம். மஞ்சள் கப்ளர் ஏர்பேக்குடையது. ஸ்டியரிங் நடுவில் ஹார்ன் பட்டனுக்கு அடியில் இருப்பது அதுதான். பேட்டரியைக் கழற்றிய பிறகும் சில நிமிஷம் உள்ளே கரண்ட் தேங்கியிருக்கும். அதில் மீட்டரோ டெஸ்ட் லேம்போ வைத்தால் முகத்துக்கு நேரே விரியலாம். டேஷ்கேம் ஒயரை முன்கண்ணாடித் தூண் வழியாக இறக்குகிறவர்கள் பக்கக் கண்ணாடிக்கு மேலே இருக்கும் கர்ட்டன் ஏர்பேக்குக்கு முன்னால் விடாமல் பின்னால் விடுங்கள். ஆரஞ்சு கேபிள் எலக்ட்ரிக், ஹைப்ரிட் கார்களில் வருவது. பல கார்களில் அதில் ஓடுவது 300 வோல்ட்டுக்கு மேல். அங்கே ஷாக்கும் அடிக்கும், ஆளும் இருக்க மாட்டார். நானே அதற்குப் பயிற்சி எடுத்தவரிடம்தான் அனுப்புகிறேன், இதில் எனக்கு வெட்கமில்லை.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்து, அடுத்து தென்பெண்ணை பெருக்கெடுத்தபோது என் பட்டறை வாசலில் வரிசையாக நின்ற கார்களில் எத்தனையோ காப்பாற்றியிருக்கக்கூடியவை. தண்ணீர் வடிந்ததும் ‘ஓடுதா பார்ப்போம்’ என்று சாவியைத் திருப்பினதில் போனவை அவை. சீட் வரைக்கும் தண்ணீர் ஏறிய காரில் சாவியைத் தொடாதீர்கள். முடிந்தால் நெகட்டிவை மட்டும் கழற்றுங்கள், வண்டியைக் கட்டி இழுத்து வாருங்கள்.

புகை வந்தால் எஞ்சினை நிறுத்தி, எல்லோரும் இறங்கி, தள்ளி நின்று 101. பானெட்டை ஆவென்று திறக்காதீர்கள், காற்றுப் பட்டு தீ முகத்துக்கு வரும்.

உங்களை வேலை செய்யாதே என்று சொல்லவில்லை. அதே ஆம்பியரில் ஃபியூஸ் மாற்றுவது, பல்பு மாற்றுவது, பேட்டரி முனையில் பூத்த வெள்ளையை ஆப்ப சோடா தண்ணீரில் கழுவி பெட்ரோலியம் ஜெல்லி தடவுவது, இதற்கெல்லாம் என்னிடம் வந்து காசு கொடுக்காதீர்கள். பேட்டரியைக் கழற்றி மாட்டினால் கடிகாரம் பன்னிரண்டுக்குப் போகும், சில வண்டிகளில் ஆட்டோ விண்டோ வேலை செய்யாது. கண்ணாடியை முழுக்க ஏற்றி ஸ்விட்சைச் சில நொடி பிடித்துக்கொண்டிருங்கள், பெரும்பாலும் திரும்பிவிடும். அதற்கும் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ண வேண்டாம். நெகட்டிவை மாட்டும்போது சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும். சில கார்கள் கரண்ட் வந்த கணமே கதவைத் தானே பூட்டிக்கொள்ளும்.