காளான் மாதிரி விரியற தோட்டா: எல்க் வேட்டைக்கு எது போதும்?

கொலராடோல வேலை பாக்கற ஒரு தம்பி, எல்க்ங்கற பெரிய மான வேட்டையாட எந்தத் தோட்டா சரின்னு போன வாரம் எழுதிக் கேட்டிருந்தாரு. "அண்ணா, ஆபீஸ் நண்பர்கள் அக்டோபர்ல எல்க் வேட்டைக்குக் கூப்பிடறாங்க, ஹன்டர் எஜுகேஷன் கோர்ஸும் முடிச்சுட்டேன். ஒருத்தர் .300 வின்செஸ்டர் மேக்னம் இல்லாம மலைப்பக்கமே வராதேங்கறார், இன்னொருத்தர் 6.5 கிரீட்மூரே தாராளம்ங்கறார். யார் பேச்சக் கேக்கறது?"

தம்பி, ரெண்டு பேரும் கார்ட்ரிட்ஜ் பேர மட்டும்தான் சொல்லியிருக்காங்க. அதோட வாயில உக்காந்திருக்கற புல்லட் என்ன ரகம்னு ஒருத்தரும் சொல்லல, ஆனா வேலை செய்யறது அதுதான்.

நம்ம ஊர்ல எல்லாத்தையும் சேத்து தோட்டான்னு சொல்லிடறோம், அதனால ஒரு தடவ பிரிச்சுப் பாத்துக்கலாம். பித்தளைக் கூடு, அடியில தீப்பொறி குடுக்கற பிரைமர், உள்ள வெடிமருந்து, நுனியில புல்லட், இது நாலும் சேந்தாதான் கார்ட்ரிட்ஜ். பறந்து போறது புல்லட் மட்டும்தான். 1906ல அமெரிக்க ராணுவத்துக்காக வந்த .30-06ஐ எடுத்துக்கங்க, தேர்ட்டி ஆட் சிக்ஸ்னு சொல்வாங்க, நூறு வருஷத்துக்கு மேலா எல்க் வேட்டையில ஓடிக்கிட்டு இருக்கு. அதுல 180 கிரெய்ன் புல்லட், அதாவது சுமார் 11.7 கிராம், குழாய விட்டுக் கிளம்பும்போது நொடிக்கு 820 மீட்டர் வேகம். பாதி எம் வி ஸ்கொயர் போட்டா 3,900 ஜூல் சொச்சம் வரும்.

இந்த ஜூல் கணக்க வெச்சுக்கிட்டுதான் "நாக்டவுன் பவர்"னு ஒரு நம்பிக்கை ஊரெல்லாம் ஓடுது, அடிச்ச அடியில மிருகம் தூக்கி எறியப்படும்னு. சாமி சத்தியமா அப்படி ஒண்ணு கிடையாது. உந்தம் மாறாது, பத்தாவதுலயே படிச்சதுதான். 11.7 கிராம் 820 மீட்டர் வேகத்துல வந்து 300 கிலோ எல்க்குக்குள்ளயே நின்னுட்டா அந்த எல்க் நகர்ற வேகம் நொடிக்கு 3 சென்டிமீட்டர் சொச்சம், எறும்பு ஊர்ற மாதிரி. நியூட்டனோட மூணாவது விதிப்படி தோட்டா மிருகத்தத் தூக்கி எறியணும்னா சுட்டவனும் பின்னாடி பறந்திருக்கணும். படிச்சவங்களே இத நம்பி, அந்த பவருக்காக தோள் தாங்காத துப்பாக்கிய வாங்கறாங்க, அதான் எனக்கு வருத்தம்.

மிருகம் சாகறது ரத்தம் போறதால. நுரையீரல், இதயம், அங்கேர்ந்து கிளம்பற பெரிய குழாய்கள் கிழிஞ்சா ரத்த அழுத்தம் விழுந்து மூளைக்கு ஆக்சிஜன் நின்னு சில நொடிகள்ல நினைவு போயிடும். குறி தப்பி வயித்துல பட்டா மணிக்கணக்குல தவிக்கும், காட்டுக்குள்ள எங்கேயோ போய் விழும். அதனால கேள்வி ஒண்ணுதான்: நுரையீரல் வரைக்கும் போய், அங்க அகலமா கிழிக்கற புல்லட் எது?

எல்க் நம்ம கடமானுக்கு உறவு, ஆனா உருவம் வேற. (ஐரோப்பால எல்க்னா அது மூஸ்ங்கற வேற ஒரு பெரிய மான், இது இல்ல.) ராக்கி மலையில வளந்த ஆண் 300லேர்ந்து 350 கிலோ, பெண்ணே 225 கிலோ வரும். தடிச்ச தோல், சேறு ஒட்டின முடி, தோள் எலும்பு, விலா எலும்பு எல்லாத்தையும் தாண்டணும், அது கொஞ்சம் சாஞ்சு நின்னா இன்னும் ஆழமாப் போகணும்.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச இடத்துக்கு வரேன். புல்லட் எப்படி விரியுது? பலர் எலும்புல மோதி நசுங்குதுன்னு நினைக்கறாங்க. எலும்பே வேண்டாம், வெறும் தண்ணித் தொட்டியில சுட்டாலும் விரியும், ஏன்னா அத விரிக்கறதே தண்ணிதான். சதைல பெரும்பங்கு தண்ணி. வேகமா ஒரு பொருள் தண்ணிக்குள்ள பாயும்போது அதோட மூக்குல ஏறற அழுத்தம், பாதி பெருக்கல் அடர்த்தி பெருக்கல் வேகத்தோட வர்க்கம், பெர்னௌலி சமன்பாட்டுல வர்ற அதே உருப்படி. 800 மீட்டர் வேகத்துக்குப் போட்டுப் பாருங்க, 320 மெகாபாஸ்கல்! மூவாயிரம் வளிமண்டலத்துக்கு மேல, மரியானா அகழியோட அடியில இருக்கறத போல கிட்டத்தட்ட மூணு மடங்கு, ஒரு சுண்டுவிரல் நுனி அளவு இடத்துல. சுத்தமான ஈயம் 20 மெகாபாஸ்கல் கூடத் தாங்காது. அதனால அந்த ஈய மூக்கு கிட்டத்தட்ட களிமண் மாதிரி வெளிப்பக்கமா வழிஞ்சு திரும்பி மடங்கும், மேல இருக்கற செம்பு உறை வாழைப்பழத் தோல் மாதிரி உரிஞ்சு பின்னாடி சுருளும். சதைக்குள்ள நுழைஞ்ச உடனே, ஒரு நொடியில ஆயிரத்துல ஒரு பங்கு ஆகறதுக்குள்ள இவ்வளவும் முடிஞ்சிரும்.

அந்த வர்க்கத்த கவனிங்க, மொத்த விஷயமும் அதுலதான் இருக்கு. தூரம் போகப் போக வேகம் குறையும், வேகம் பாதியானா அழுத்தம் நாலுல ஒண்ணு. வேகம் நொடிக்கு 550 மீட்டருக்கு வந்தா 150 மெகாபாஸ்கல், 400க்கு வந்தா வெறும் 80. ஏதோ ஒரு இடத்துக்குக் கீழ உறை உரியவே உரியாது, புல்லட் பென்சில் மாதிரி துளைச்சுட்டுப் போயிடும், மிருகம் காயத்தோட ஓடிடும். பல கம்பெனிங்க தங்களோட புல்லட் விரிய குறைஞ்ச வேகம் நொடிக்கு 1,800 அடின்னு சொல்றாங்களே, அதான் இந்த 550 மீட்டர்.

எதிர்ப்பக்கமும் ஆபத்து இருக்கு. ரொம்பக் கிட்ட, ரொம்ப வேகமாப் பட்டா மெலிசான புல்லட் தோள் எலும்பு மேலயே வெடிச்சு சிதறிடும், நுரையீரலுக்கு ஒண்ணும் போய்ச் சேராது. 1946ல ஜான் நோஸ்லர்ங்கறவருக்கு கனடால மூஸ் வேட்டையில இதான் நடந்தது, சேறு அப்பின ஒரு மூஸ் மேல அவர் புல்லட்டெல்லாம் உள்ள போகாம உடைஞ்சுச்சு. திரும்பி வந்து அவர் செஞ்சதுதான் பார்ட்டிஷன் புல்லட்: செம்பு உறைக்கு நடுவுல ஒரு குறுக்குச் சுவர், முன்னாடி ஒரு ஈயக்கட்டி, பின்னாடி ஒரு ஈயக்கட்டி. முன்னாடி பாதி விரிஞ்சு கிழிக்கும், சுவருக்குப் பின்னாடி இருக்கறது அப்படியே நின்னு ஆழமாத் தள்ளிக்கிட்டுப் போகும்.

எங்க பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு எல்க்லேர்ந்து எடுத்த பார்ட்டிஷன் ஒண்ண எனக்குக் குடுத்தார். உள்ளங்கையில வெச்சா பூத்த காளான் மாதிரியே இருக்கு, செம்பு இதழ் ஓரமெல்லாம் கூரா விரல்ல கீறுது. நகைத் தராசுல போட்டேன், 11.7 கிராம் இருந்தது 7.6 ஆயிருக்கு. வெர்னியர் வெச்சா 7.8 மில்லிமீட்டர் விட்டம் 14 ஆயிருக்கு, அதாவது முன்பரப்பு மூணு மடங்குக்கு மேல. கொறஞ்ச 4 கிராம் ஈயம் எங்க? எல்க் கறிக்குள்ளயும் குடலுக்குள்ளயும் பொடிப்பொடியா.

அந்தப் பொடிதான் கலிஃபோர்னியா காண்டர் கழுகுகளக் கொன்னது. 1982ல உலகத்துலயே 22 காண்டர்தான் மிச்சம். வேட்டைக்காரங்க விட்டுட்டுப் போற குடலத் தின்னு ஈய நஞ்சேறி செத்துச்சுங்க, இன்னிக்கும் காட்டுல அதுங்கள அதிகமாக் கொல்றது அதுதான். 2019லேர்ந்து கலிஃபோர்னியால வேட்டைக்கு ஈயத் தோட்டாவே கூடாது. அமெரிக்கால ரைஃபிளுக்கும் தோட்டாவுக்கும் போடற வரி, இப்ப 11 சதவீதம், 1937ல வந்த சட்டப்படி வனவிலங்குப் பராமரிப்புக்குப் போகுது. அருமையான சட்டம், அதுல இன்னும் பெரிய பங்கு இந்த ஈய ஆராய்ச்சிக்குப் போகணும்னு நான் ஆசைப்படறேன், வீட்டுல பிள்ளைங்களும் அந்தக் கறியத்தான சாப்பிடுது.

ஈயத்துக்கு மாத்து முழுச் செம்பு புல்லட். மூக்குல ஒரு குழி, குழி ஓரத்துல கீறல். தண்ணி குழிக்குள்ள புகுந்து உள்ளேர்ந்து நெட்டித் தள்ள நாலு இதழா பிரியும், எடை கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். செம்பு ஈயத்த விட லேசு, உறுதி ஜாஸ்தி. அதனால 180க்குப் பதிலா 165 கிரெய்ன் எடுத்து வேகத்தக் கூட்டிக்கறதுதான் சரி.

இப்படி விரியற தோட்டாவ போர்ல பயன்படுத்தக்கூடாதுன்னு 1899ல ஹேக்ல பிரகடனம் போட்டாங்க, அதுக்குக் காரணமா இருந்தது கல்கத்தா பக்கத்துல டம்டம் ஆலையில செஞ்ச தோட்டா. அதே விரியற தோட்டாதான் கொலராடோல வேட்டைக்குக் கட்டாயம். சட்டுனு உயிர் போகணும், தவிக்கக்கூடாது, அதுக்குத்தான். எல்க்குக்கு அங்க குறைஞ்சது .24 காலிபர் (அதாவது புல்லட்டோட விட்டம், அங்குலத்துல), 85 கிரெய்ன், 100 கஜத்துல 1,356 ஜூல். சட்டத்துக்கு அது போதும், என் மனசுக்குப் போதல.

இப்ப தம்பியோட கேள்வி. 6.5 கிரீட்மூர் 143 கிரெய்ன்ல நல்ல பாண்டட் புல்லட் (ஈயத்த உறையோட ஒட்ட வெச்சது) போட்டு, பக்கவாட்டுல நிக்கற எல்க்க 250 கஜத்துக்குள்ள சுட்டா வேலை நடக்கும், தோள் எலும்பு குறுக்க வந்தா தப்புக்கு இடம் ரொம்பக் கம்மி. மேக்னத்தோட உண்மையான லாபம், வேகம் நொடிக்கு 550 மீட்டருக்கு இறங்கற அந்தக் கோட்ட இன்னும் தூரத்துக்குத் தள்ளி வைக்கறதுதான். அதுக்கு விலை, ஒரே எடை துப்பாக்கியில .30-06ஐ விட மூணுல ஒரு பங்கு கூடுதல் உதை. முதல் வருஷத்துக்கு .30-06, 180 கிரெய்ன் பார்ட்டிஷனோ பாண்டடோ, இல்லன்னா 165 செம்பு. 300 கஜத்துலயும் 650 மீட்டர் வேகத்த ஒட்டி இருக்கும், அதுக்கு மேல சுடாதீங்க. மலையில காத்து லேசு, 3,000 மீட்டர் உயரத்துல அடர்த்தி நாலுல ஒரு பங்கு கம்மி, அதனால ஜீரோவ, அதாவது குறி வெச்ச இடத்துலயே தோட்டா படற மாதிரி வெச்ச அளவ, அங்க போய் இன்னொரு தடவ சரி பாத்துக்கங்க.

சுட்டுப் பழகற ரேஞ்சுக்குப் போறப்ப நண்பர ஒண்ணு செய்யச் சொல்லுங்க. நீங்க பாக்காதப்ப நிஜத் தோட்டாக்களுக்கு நடுவுல வெடிக்காத ஒரு டம்மியக் கலந்து லோட் பண்ணட்டும். டிரிகர அழுத்தினதும் டிக்னு சத்தம் மட்டும் வரும், அப்ப குழாய் நுனி கீழ குதிக்குதான்னு பாருங்க. குதிச்சா உதைக்கு பயந்து முன்கூட்டியே உடம்பு இறுகுதுன்னு அர்த்தம், அந்தத் துப்பாக்கி உங்களுக்கு இப்ப அதிகம்.