உள்ளங்காலில் ஓர் ஊற்று

செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு காலைத் தூக்கி மறு தொடைமேல் போட்டுக்கொள்ளுங்கள். கால் விரல்களை உள்பக்கமாக மடக்குங்கள். விரல்களுக்குக் கீழே இருக்கும் தடித்த சதைமேட்டை ஒட்டி, நடுவாக்கில் ஒரு குழி விழும். இரண்டாம் விரலும் மூன்றாம் விரலும் பிரியும் இடத்திலிருந்து குதிகால் வரை ஒரு கோடு போட்டு மூன்றாகப் பிரித்தால், முதல் பங்கு முடியும் இடம் அது. கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கொஞ்சம் கூசும், கொஞ்சம் வலிக்கும். சீனர்கள் இதற்கு வைத்த பெயர் யோங்-சுவான். பொங்கி வரும் ஊற்று என்று பொருள்.

உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட அக்குபங்சர் பட்டியலில் மொத்தம் 361 புள்ளிகள். உள்ளங்காலில் இருப்பது இது ஒன்றுதான். இந்த ஒற்றைக் குழியை மூன்று கூட்டத்தார் சொந்தம் கொண்டாடுகிறார்கள். வைத்தியர் அதில் ஊசி குத்துகிறார், மருந்து அரைத்து ஒட்டுகிறார். தாய்ச்சி என்ற சீனச் சண்டைக்கலையைப் பழகுகிறவர் அதன்மேல் நிற்கிறார். தாவோ என்ற பழைய சீன ஞான மரபினர் அதுவரைக்கும் மூச்சை இறக்குகிறார்கள். அந்த இடத்தில் உடம்பு உண்மையில் என்னென்ன வைத்திருக்கிறது என்று பார்த்தால், இந்த மூன்றில் எது எவ்வளவு தூரம் தேறும் என்பது ஓரளவு பிடிபடும்.

பழைய கதையிலிருந்தே ஆரம்பிக்கலாம். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் சுன்யூ யீ என்றொரு வைத்தியர் இருந்தார். அரசுத் தானியக் களஞ்சியத்தில் அதிகாரியாகவும் இருந்தவர். அவர் வைத்தியம் பார்த்த 25 பேரின் விவரங்களை வரலாற்றாசிரியர் சிமா சியான் தன் நூலில் சேர்த்துவைத்திருக்கிறார். அதில் ஒருத்தி ஜிபெய் அரசரின் செவிலித்தாய். கால் தகிக்கிறது, நெஞ்சை அடைக்கிறது என்று சொன்னாள். சுன்யூ யீ இரண்டு உள்ளங்கால்களிலும் மும்மூன்று இடங்களில் குத்தினார், ரத்தம் கசியாதபடி அழுத்திப் பிடித்தார், நோய் உடனே தீர்ந்தது. நோய்க்குக் காரணத்தையும் ஒளிக்காமல் சொல்கிறார்: மூக்குமுட்டக் குடித்ததால் வந்தது.

எனக்கு இந்தக் குறிப்பு ரொம்பப் பிடிக்கும். சாராயம் தோலின் ரத்தக்குழாய்களை விரிக்கும், கை கால் சூடாகும், இது இன்றைக்கும் எல்லோரும் அறிந்ததுதான். போதை தெளிந்தால் அந்தச் சூடும் தானே தணியும். குத்தாமல் விட்டிருந்தால் அந்த அம்மாள் எப்போது தேறியிருப்பாள் என்பது வேறு கேள்வி.

சுன்யூ யீ யோங்-சுவான் என்ற பெயரைச் சொல்லவில்லை. ‘பாதத்தின் இதயம்’ என்றுதான் சொல்கிறார். சீனத்தில் உள்ளங்காலின் நடுவுக்கு அதுதான் சொல். ஊசி மருத்துவத்தின் மூலநூலான லிங்ஷூ, ‘யோங்-சுவான் என்பது பாதத்தின் இதயம்’ என்று இரண்டையும் முடிச்சுப் போடுகிறது. இதில் ஒரு வேடிக்கை: சுஸ்ருத சம்ஹிதை சொல்லும் 107 மர்மங்களில், அதாவது அடிபடக் கூடாத உயிர்நிலைகளில், உள்ளங்கால் நடுவில் இருப்பதன் பெயர் தலஹிருதயம். தலம் என்றால் உள்ளங்கை, உள்ளங்கால், ஹிருதயம் இதயம். நம் வர்ம ஆசான்களும் அந்தப் பக்கத்தில் உள்ளங்கால் வெள்ளை வர்மம் என்று ஒன்றைக் காட்டுவார்கள். யார் யாரிடம் கற்றார்கள் என்று சண்டை போட வேண்டியதில்லை. வெறுங்காலோடு நடக்கும் எந்த ஊர்க்காரனுக்கும் அங்கே முள் ஏறினால் உயிர் போகும்.

சரி, ஊற்று என்று ஏன் பெயர்? சீன மருத்துவம் உடம்பைத் தண்ணீர் ஓடும் நிலமாகக் கற்பனை செய்துகொண்டது. உயிராற்றல் தடங்களில் ஓடுகிறது. அந்த ஆற்றலின் சீனப் பெயரைத் தமிழில் எழுதினால் ‘ச்சீ’ என்று முகம் சுளிப்பது போலாகிவிடும் என்பதால் உயிராற்றல் என்றே வைத்துக்கொள்வோம். கை கால்களின் நுனியில் அது கிணறாகத் தொடங்கி, சுனையாகி, ஓடையாகி, ஆறாகி, முழங்கை, முழங்கால் அருகே கடலில் கலக்கிறது. பன்னிரண்டு தடங்களில் பதினொன்றுக்குக் கிணறு விரல் நுனியில் அல்லது நக ஓரத்தில். சிறுநீரகத் தடத்துக்கு மட்டும் உள்ளங்காலில். சீனக் கணக்கில் சிறுநீரகம்தான் தண்ணீர் உறுப்பு. பிறப்பு, வளர்ச்சி, எலும்பு எல்லாம் அதன் பொறுப்பு. உடம்பின் ஆகத் தாழ்ந்த இடத்தில் தண்ணீரின் ஊற்று இருப்பது அவர்களுக்கு இயல்பாகப் பட்டிருக்கும்.

ஊசி குத்துகிறவர்கள் இந்தப் புள்ளியை அன்றாடம் தொடுவதில்லை. காரணம் எளிது: வலி தாங்காது. மயக்கம், வலிப்பு, வெயில் தாக்கு மாதிரி அவசரங்களுக்கென்று ஒதுக்கிவைத்தார்கள். வலி அட்ரினலினைச் சுரக்கவைக்கும், இதயத் துடிப்பை ஏற்றும், அரைகுறை மயக்கத்தில் இருப்பவரை உலுக்கிவிடும். கூடவே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சாதாரண மயக்கத்தில் விழுந்தவர் தரையில் படுத்தவுடன் மூளைக்கு ரத்தம் திரும்பிவிடுகிறது, பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் கண் திறந்துவிடுவார். அந்த ஒரு நிமிடத்தில் ஊசி எடுத்தவருக்குப் பெயர். நம் ஊரில் முகத்தில் தண்ணீர் தெளித்தவருக்குப் பெயர்.

ஊசியைவிட எனக்குச் சுவாரசியமாகத் தெரிவது ஒட்டுமருந்து. எவோடியா என்ற செடியின் காரமான காயைப் பொடித்து, வினிகரில் குழைத்து, ராத்திரி உள்ளங்காலில் வைத்துக் கட்டுவார்கள். எதற்கு? வாய்ப்புண்ணுக்கு, தொண்டைப் புண்ணுக்கு! 16-ஆம் நூற்றாண்டின் லி ஷிசென் தன் மூலிகைப் பெருநூலில் இதைப் பதிவு செய்துவிட்டு, இந்தக் காய் சூட்டு குணம் கொண்டதுதான், ஆனாலும் மேலே இருக்கும் சூட்டைக் கீழே இழுத்துவிடும் என்கிறார். தூக்கம் வராதவர்களுக்கும் இதே கட்டு. தலையில் ஏறிய நெருப்பைக் காலுக்கு இறக்குவது என்று அதற்கு விளக்கம்.

வாய்ப்புண் கதை எனக்கு நம்பிக்கை தரவில்லை. தூக்கத்தின் கதை வேறு. உள்ளங்கால், உள்ளங்கைத் தோலில் முடி கிடையாது. பதிலுக்கு அடியில் தமனியையும் சிரையையும் நேரடியாக இணைக்கும் குறுக்குக் குழாய்கள் நிறைய உண்டு. அவை திறந்தால் சூடான ரத்தம் குபுகுபுவென்று தோலுக்கு வந்து வெப்பத்தைக் கொட்டும். காருக்கு ரேடியேட்டர் மாதிரி உடம்புக்கு இவை. தூங்கப்போகும்போது உடம்பின் உள்வெப்பம் இறங்க வேண்டும், அதற்குக் கால் வழியாக வெப்பம் வெளியேற வேண்டும். சுவிட்சர்லாந்தின் பாசல் நகர ஆய்வாளர்கள் 1999-இல் நேச்சர் இதழில் எழுதியது இதைத்தான்: கை கால்களின் ரத்தக்குழாய்கள் எந்த அளவுக்கு விரிந்து அவை சூடாகின்றனவோ, அந்த அளவுக்குத் தூக்கம் சீக்கிரம் வருகிறது. ஆக, காலைச் சூடாக்கினால் உள்சூடு தணியும் என்ற பழைய கருத்து ஏறக்குறைய சரியாகவே இருக்கிறது. எவோடியாதான் வேண்டுமா, வெந்நீரில் கால் வைத்தால் போதாதா என்று கேட்டால், போதும் என்றுதான் சொல்வேன்.

அப்புறம் சண்டைக்கலை. ஷாவோலின் மடத்தின் பேரில் உலவும் ஆபத்தான புள்ளிகளின் பட்டியல்களில் சிலவற்றில் இதுவும் வரும். நிற்கிற மனிதனின் உள்ளங்காலில் எப்படி அடிப்பது என்று யாரும் சொல்வதில்லை. அதை விட்டுவிடலாம். நிஜமான பயன்பாடு தாய்ச்சியில் இருக்கிறது. ‘வேர் பாதத்தில், புறப்படுவது காலிலிருந்து, ஆள்வது இடுப்பு, வெளிப்படுவது விரல்களில்’ என்பது அந்தக் கலையின் பழைய சூத்திரம். அந்த வேருக்கு முகவரி கேட்டால் ஆசிரியர்கள் யோங்-சுவானைக் காட்டுவார்கள். 20-ஆம் நூற்றாண்டில் தாய்ச்சியை அமெரிக்காவில் பரப்பிய செங் மான்-சிங் இதைத் திரும்பத் திரும்ப வலியுறுத்தியவர். அவர் வைத்தியரும்கூட.

எழுந்து நின்று பார்த்தால் புரியும். வெறுங்காலில் சும்மா நிற்கும்போது உடல் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் குதிகாலில்தான் இறங்குகிறது. அந்த நிலையில் யாராவது மார்பில் லேசாகத் தள்ளினால், பின்னால் சாய நமக்கு இடமே இல்லை. குதிகாலின் விளிம்பு பக்கத்திலேயே இருக்கிறது. கணுக்காலிலிருந்து உடம்பை ஒரு சுண்டுவிரல் அகலம் முன்னால் கொண்டுபோங்கள். எடை பாதத்தின் முன்பாதிக்கு, அந்தக் குழியின் பக்கம் நகரும், ஆடுசதை லேசாக இறுகும். இப்போது தள்ளினால் பின்னால் போக நிறையத் தூரம் மிச்சம் இருக்கிறது. தாய்ச்சியில் இருவர் கை சேர்த்துத் தள்ளும் பயிற்சியில் எதிராளி நிற்பது முன்னால். ஆகவே வேரை முன்பாதத்தில் வைப்பது கணக்காகத்தான் இருக்கிறது.

இதற்கு மேல் உணர்வின் விஷயம் ஒன்று உண்டு. உள்ளங்கால் தோலுக்குள் அழுத்தத்தையும் அதிர்வையும் உணரும் நரம்பு முனைகள் பதிந்திருக்கின்றன. 2002-இல் கனடாவில் இரண்டு ஆய்வாளர்கள் முழங்காலுக்குப் பின்னால் ஓடும் நரம்பில் மெல்லிய மின்முனை செருகி, அப்படிப்பட்ட 104 உணர்விகளின் பேச்சை ஒட்டுக்கேட்டார்கள். விரல் நுனிகளில் மட்டும் கூட்டமாக இல்லாமல் அவை பாதம் முழுக்கப் பரவியிருந்தன. பாதம் எதிலும் படாமல் இருந்தபோது அவை மௌனமாக இருந்தன. தரை தொட்டால்தான் பேச்சு. உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்ற செய்தி மூளைக்கு இங்கிருந்து நொடிக்கு நொடி போய்க்கொண்டிருக்கிறது. ஐஸில் கால் வைத்து மரத்துப்போனபின் கண்ணை மூடி நின்றால் ஆடுவது அதனால்தான். ‘புள்ளியின்மேல் கவனம் வை’ என்று ஆசிரியர் சொல்வது, எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் இந்த வானொலியின் ஒலியைக் கொஞ்சம் கூட்டிவைக்கச் சொல்வது மாதிரி.

தாவோ மரபுக்கு வருவோம். ‘உண்மையான மனிதன் குதிகாலால் மூச்சு விடுகிறான், மற்றவர்கள் தொண்டையால் விடுகிறார்கள்’ என்கிறது சுவாங்ட்சு என்ற பழைய தாவோ நூல். குதிகாலில் நுரையீரல் இல்லை என்பது எழுதியவருக்கும் தெரிந்திருக்கும். மூச்சு காலடிவரை இறங்குவதாக நினைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். தோள் ஏறி இறங்குவது நின்றுபோகும், வயிறு அசையத் தொடங்கும், மூச்சின் எண்ணிக்கை தானாகக் குறையும். நிமிடத்துக்கு ஆறு மூச்சு அளவுக்கு வந்தால், ரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்குவது மிகத் தெளிவாகும். இதை இன்றைய மருத்துவக் கருவிகளில் அளந்து பார்க்கலாம்.

கவிஞர் சூ தோங்போ (1037-1101) நண்பருக்கு எழுதிய உடல்நலக் குறிப்பில் செய்முறையே இருக்கிறது. நள்ளிரவுக்குப் பின் எழுந்து உட்கார்ந்து, மூச்சுப் பயிற்சி முடித்து, இரண்டு கைகளாலும் உள்ளங்கால்களைச் சூடேறத் தேய்க்க வேண்டும். இது யோங்-சுவான், உச்சந்தலைவரை எட்டும் என்கிறார். இதற்குள் ஓர் அழகான ஏற்பாடு இருக்கிறது. உள்ளங்கையின் நடுவில் லாவோகோங் என்ற புள்ளி, இதயத்தைச் சூழ்ந்த உறையின் தடத்தில். இதயம் நெருப்பு. உள்ளங்காலில் சிறுநீரகம், தண்ணீர். கையால் காலைத் தேய்க்கும்போது நெருப்பும் தண்ணீரும் சேருகின்றன. அடுப்பு கீழேயும் பானை மேலேயும் இருந்தால்தானே நீர் கொதிக்கும். உடம்பிலோ நெருப்பான இதயம் மேலே, தண்ணீரான சிறுநீரகம் கீழே. உடம்புக்குள்ளேயே ரசவாதம் செய்யப் பார்க்கும் தாவோ பயிற்சியின் மொத்தக் கனவும் அந்தத் தலைகீழ் மாற்றம்தான். நானும் ஒரு மாதம் தூங்கும் முன் தேய்த்துப் பார்த்தேன். ரசவாதம் எதுவும் நடக்கவில்லை, தூக்கம் மட்டும் நன்றாக வந்தது.

சிறுநீரகத் தொடர்பில் ஒரு விஷயம் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. உள்ளங்காலுக்கு உணர்வு தருவது கணுக்காலின் உள்பக்கமாக இறங்கும் டிபியல் நரம்பு. அதன் வேர்கள் தண்டுவடத்தின் அடிப்பகுதியான திருவெலும்புப் பகுதிவரை போகின்றன. சிறுநீர்ப்பையை ஆளும் நரம்புகளும் அதே வட்டாரத்திலிருந்துதான் புறப்படுகின்றன. அடிக்கடி சிறுநீர் முட்டும் தொந்தரவுக்கு, கணுக்கால் அருகே இந்த நரம்பில் மெல்லிய ஊசி வைத்து மின்துடிப்பு கொடுப்பது இப்போது ஏற்கப்பட்ட சிகிச்சை. அதன் முன்னோடிகள் 1980-களில் அக்குபங்சர் புள்ளியைப் பார்த்துத்தான் அந்த இடத்தைத் தேர்ந்தார்கள். இதைக் காட்டி மொத்த வரைபடமும் சரி என்று சொல்லிவிட முடியாது. ஜெர்மனியில் முதுகுவலிக்காரர்கள் 1,162 பேரிடம் நடத்தி 2007-இல் வெளியான சோதனையில், சரியான புள்ளிகளில் குத்திக்கொண்டவர்களில் 47.6 சதவீதத்தினருக்கும், வேண்டுமென்றே வேறு இடங்களில் மேலோட்டமாகக் குத்தப்பட்டவர்களில் 44.2 சதவீதத்தினருக்கும் பலன் தெரிந்தது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 27.4 சதவீதம். ஊசி ஏதோ செய்கிறது, ஆனால் இடம் அவ்வளவு முக்கியமாகப் படவில்லை.

இந்தப் புள்ளியின் பெயரைச் சொல்லி ஆன்லைனில் விற்கும் ‘நச்சு நீக்கும்’ பாதப் பட்டைகளையும் சொல்லியாக வேண்டும். ராத்திரி ஒட்டினால் காலையில் கரும்பழுப்பாகும். உடம்பின் நச்செல்லாம் இறங்கிவிட்டது என்பார்கள். ஒரு புதுப் பட்டையைத் தட்டில் வைத்து நாலு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். தட்டுக்கும் நச்சு இறங்கும். உள்ளே இருக்கும் மூங்கில் வினிகர்ப் பொடி ஈரம் பட்டால் நிறம் மாறும், அவ்வளவுதான்.

தேய்த்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குப் பழைய முறையே போதும்: ஒவ்வொரு காலிலும் தோல் சூடாகும்வரை, எதிர்க்கையால், இரண்டு மூன்று நிமிடம். பூண்டு அரைத்துக் கட்டும் வீட்டுவைத்தியம் வேண்டாம், தோல் வெந்து கொப்பளம் போட்டவர்கள் மருத்துவ இதழ்களில் இருக்கிறார்கள். சர்க்கரை நோயால் கால் மரத்தவர்கள் சூட்டு ஒத்தடமோ மூலிகைப் புகைச்சூடோ வைக்கவே கூடாது. அவர்கள் பாதத்தில் அந்த உணர்விகள் பேசுவதை நிறுத்தியிருக்கும், சுட்டாலும் தெரியாது.