பாலைக் காய்ச்சினா ஊசி மருந்து போயிடுமா?

போன வாரம் ஒரு அக்கா போன் பண்ணி, "டாக்டர் தம்பி, ரெண்டு நாளா தயிரே உறைய மாட்டேங்குது, யாராச்சும் கண்ணு வச்சிருப்பாங்களோ"ன்னாங்க. நேர்ல போய்ப் பாத்தா மாட்டுக்குப் பின்காம்பு ஒண்ணு கல்லு மாதிரி வீங்கியிருக்கு, மடிநோய்தான்; தொழுவத்துக் கூரைல காலி ஊசி பாட்டில் மூணு சொருகி வச்சிருக்காங்க. ஊருக்கு வர்ற "ஊசி போடுறவர்" போட்டுட்டுப் போயிருக்கார். உறைமோர்ல இருக்கிற பாக்டீரியாவையே அந்த மருந்து கொன்னுடுச்சு, அப்புறம் எங்க உறையுறது? இந்த மாசத்துல இது நாலாவது வீடுங்க.

மிச்ச பால என்ன பண்ணீங்கன்னு கேட்டா, சொசைட்டில ஊத்திட்டாங்களாம். "எல்லாரும் காய்ச்சித்தானப்பா குடிப்பாங்க!"

இதக் கேட்டாத்தான் எனக்குத் தலை சூடாவுது. காய்ச்சினா கிருமி சாகும். காசநோய்க் கிருமி, மாட்டுக்குக் கருச்சிதைவு உண்டாக்குற புருசெல்லாக் கிருமி எல்லாம் சாகும், அதுக்காகக் கட்டாயம் காய்ச்சுங்க. ஆனா மருந்துங்கிறது உயிர் இல்லையே, சாகுறதுக்கு! பென்சிலின் கலந்த பால அடுப்புல பொங்க வச்சு எறக்கினாலும் மருந்து பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். அத பேரப்புள்ள குடிக்கும், பென்சிலின் அலர்ஜி இருக்கிறவங்களும் குடிப்பாங்க. சொசைட்டில டிகிரி பாக்குற கருவி பாலோட அடர்த்தியத்தான் காட்டும், இதெல்லாம் காட்டாது.

பெரியாஸ்பத்திரில மனுஷனுக்குப் போடுற செஃப்ட்ரையாக்சோன்ங்கிற ஆன்டிபயாடிக் தான் மாட்டுக்கும் போடுறாங்க, பேக்கிங் தான் வேற. மாட்டுக்குள்ள போன மருந்துல ஒரு பங்கு கோமியத்துலயும் சாணியிலயும் வெளிய வந்து குப்பைக்குழிக்குப் போகுது, அங்கேருந்து வயலுக்கு, மழை பேஞ்சா குளத்துக்கு. அங்க மருந்துக்கு மசியாத கிருமி மட்டும் தாக்குப்பிடிச்சுப் பெருகும். வலி ஊசி கதையும் இதேதான்: டைக்ளோஃபினாக் போட்ட மாடு செத்து, அதத் தின்ன பாறு கழுகு கிட்னி போய்க் கூட்டம் கூட்டமா செத்துச்சு. 2006ல மாட்டுக்குப் போடக்கூடாதுன்னு தடை வந்துச்சு. கழுகு இல்லாத ஊர்ல செத்த மாட்ட யாரு திங்கிறா? தெருநாய். அப்புறம் நாய்க்கடிக்குப் புலம்புறோம்.

தயவு செஞ்சு டாக்டர் சொல்லாம ஆன்டிபயாடிக் போடாதீங்க, ஆரம்பிச்சா பாதில நிறுத்தாதீங்க. பாட்டில்லயே எத்தன நாள் பால் ஆகாதுன்னு போட்டிருக்கும், படிங்க, இல்ல எங்கள கேளுங்க. அதுவரைக்கும் கறக்கணும், ஆனா விக்கக்கூடாது. நஷ்டம் தான், எனக்கும் தெரியும். அதனாலதான் மடிநோய் வராம பாத்துக்கங்கன்னு தொண்டத் தண்ணி வத்தக் கத்துறோம். முதல் ரெண்டு பீச்சு பால கருப்புத் தட்டுல பீச்சிப் பாருங்க, திரி திரியா வந்தா அன்னைக்கே கூப்பிடுங்க. ஆரம்பத்துலயே பாத்தா சோத்துக்கத்தாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைச்சு மடி பூரா பூசுறதுலயே பல மாடு தேறிடுது. கறந்ததும் மாட்ட உடனே படுக்க விடாதீங்க, தீவனம் போட்டு நிக்க வைங்க. காலி பாட்டில வாய்க்கால்ல வீசாதீங்கய்யா.

எல்லாத்தையும் கேட்டுட்டு அக்கா கடைசில, "அப்ப கன்னுக்குட்டிக்காச்சும் அந்த பால விடலாமா தம்பி?"

விடாதீங்கக்கா.