சஸ்பென்ஷன் லிஃப்ட்: வில்லை உயர்த்தினால் அச்சு உயருமா?

“இந்த வண்டிக்கு இரண்டு அங்குல இடைநீக்கம் போதுமானது.” வண்டிகளின் சஸ்பென்ஷன் லிஃப்ட் பற்றிய குறிப்புக்கு மொழிபெயர்ப்புக் கருவி ஒன்று என் முன் வைத்த வரி இது. கையூட்டு வாங்கிப் பிடிபட்ட அலுவலரை இடைநீக்கம் செய்வார்கள். மலைப்பாதையில் ஓடும் ஜீப் என்ன குற்றம் செய்தது? அதிலும் இரண்டு அங்குலத்துக்கு மட்டும்?

சிரித்துவிட்டு விட்டிருப்பேன். அதே வாரத்தில் நண்பர் ஒருவர் தம் மாருதி ஜிம்னிக்கு ‘லிஃப்ட்’ போடுவதா, பெரிய டயர் மாட்டுவதா, இரண்டுமா என்று கேட்டு வந்தார். பேசப் பேச, அவருடைய குழப்பத்தில் பாதி சொல்லால் வந்தது என்று தெரிந்தது. லிஃப்ட் போட்டால் வண்டி உயரும் என்று நினைத்திருந்தார். வண்டியில் எது உயரும், எது இருந்த இடத்திலேயே இருக்கும் என்பதை அந்தச் சொல் சொல்வதில்லை.

முதலில் சஸ்பென்ஷன். இலத்தீனில் ‘பெண்டேரே’ என்றால் தொங்கவிடுதல், எடை போடுதல். தராசில் தொங்கவிட்டுத்தானே எடை பார்க்க முடியும்! நிறுத்துக் கொடுத்த பணம் என்ற பொருளில் அதே வேரிலிருந்து ‘பென்ஷன்’ வந்தது. கீழே தொங்கும்படி விடுதல் என்ற பொருளில் ‘சஸ்பென்ஷன்’ வந்தது. வேலையை விட்டு அனுப்பாமலும் வேலை பார்க்க விடாமலும் ஒருவரை அந்தரத்தில் நிறுத்துவதற்கு அந்தப் பெயர் பொருத்தம்தான். வண்டிக்கும் ஒரு காலத்தில் பொருந்தியது. ஐரோப்பாவின் பழைய குதிரைக் கோச்சுகளில், ஆட்கள் உட்காரும் பெட்டியைத் தடித்த தோல் வார்களில் ஊஞ்சல்போலத் தொங்கவிட்டிருந்தார்கள். சக்கரம் குழியில் இறங்கினால் பெட்டி ஆடும். உள்ளே இருப்பவருக்கு இடுப்பு ஒடியாது, குமட்டல் மட்டும் வரும். பிறகு எஃகு வில்கள் வந்தன. வார் போயிற்று, பெயர் தங்கிவிட்டது. இன்றைய காரில் உடல் எதிலும் தொங்கவில்லை. வில்லின் மேல் அமர்ந்திருக்கிறது.

ஆகவே ‘தொங்கல் அமைப்பு’ என்று எழுதுவதிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. தொங்கு பாலம் உண்மையிலேயே தொங்குகிறது, அதற்கு அந்தப் பெயர் இருக்கட்டும். இல்லாத தோல் வாரைத் தமிழிலும் கட்டி இழுக்க வேண்டியதில்லை.

நம்மிடம் சொல் இல்லாமலும் இல்லை. கிராமத்தில் பெரிய மிராசுதார் வீட்டு வாசலில் நிற்கும் மாட்டு வண்டிக்கு என்ன பெயர்? வில்வண்டி. நெல்மூட்டை ஏற்றும் கட்டை வண்டியில் மேடு பள்ளமெல்லாம் நேராக முதுகெலும்புக்கு வரும். வில்வண்டியில் கூண்டுக்கும் அச்சுக்கும் நடுவே வளைந்த எஃகுத் தகடுகள் இருக்கும். அவை அமுங்கி நிமிர்ந்து அடியை வாங்கிக்கொள்ளும். அந்தத் தகடுகளின் வளைவைப் பார்த்து வில் என்றவர் யாரோ, நல்ல கண் அவருக்கு. வசதியின் அடையாளமாகவும் அந்த வண்டி இருந்தது. திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட மக்கள் பொதுச் சாலையில் நடக்கவே தடை இருந்த நாளில், 1893-இல் அய்யன்காளி ஒரு வில்லுவண்டி வாங்கி வெங்ஙானூர்ச் சாலையில் ஏறிச் சென்றது வரலாறு. வேறு எந்த வண்டியும் அந்த அறைகூவலுக்குப் பொருந்தியிருக்காது.

இந்திக்காரர்கள் ஸ்பிரிங்கைக் ‘கமானி’ என்பார்கள். பாரசீகத்தில் ‘கமான்’ என்றால் வில். ஒரே உருவத்தை இரண்டு மொழிகள் தனித்தனியே ஒரேமாதிரி கண்டிருக்கின்றன. நம் பள்ளிப் பாடநூல்களும் சுருள் வடிவ ஸ்பிரிங்கைச் சுருள்வில் என்றே சொல்கின்றன. லாரிப் பட்டறையில் தகட்டு வில்லுக்குப் ‘பட்டை’ என்று பெயர். பட்டை உடைந்த லாரி சாலையோரத்தில் ஒருக்களித்து நிற்பதைப் பார்க்காதவர் குறைவு. பழைய மாருதி ஜிப்சியின் நான்கு மூலையிலும் பட்டை. அதன் வாரிசாக 2023-இல் இந்தியச் சந்தைக்கு வந்த ஐந்து கதவு ஜிம்னியில் நான்கு மூலையிலும் சுருள்வில். இரண்டையும் ஒரு குடைக்குள் கொண்டுவர ‘வில்லமைப்பு’ போதும். சஸ்பென்ஷனுக்கு என் தமிழ் அதுதான்.

இனி லிஃப்ட். இது வட ஐரோப்பியச் சரக்கு. பழைய நார்ஸ் மொழியில் ‘லொப்ட்’ என்றால் காற்று, வான். அதிலிருந்து ‘காற்றில் தூக்கு’ என்ற வினை பிறந்து ஆங்கிலத்துக்குப் போயிற்று. ஜெர்மானியரின் ‘லுஃப்ட்’ இதற்கு உறவு. அடுக்குமாடியில் ஏறுவதற்கு மின்தூக்கி என்று நாம் பெயர் வைத்துவிட்டோம். வண்டிப் பட்டறையில் லிஃப்ட் என்றால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. வண்டியின் அடிச்சட்டத்துக்கும் (சேஸிஸ்) உடலுக்கும் நடுவே கட்டைகள் செருகி உடலை மட்டும் மேலே ஏற்றுவது ஒன்று, உடலுயர்த்தல் எனலாம். நீளமான வில்லும் அதற்கேற்ற அதிர்வுத் தாங்கியும் (ஷாக் அப்சார்பர்) மாட்டி, அச்சுக்கு மேலே இருக்கும் சட்டம், உடல், எஞ்சின் எல்லாவற்றையும் சேர்த்து ஏற்றுவது மற்றொன்று. அது வில்லுயர்த்தல். சஸ்பென்ஷன் லிஃப்ட் என்பதற்கு இதைவிடச் சுருக்கமாக வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

தமிழில் சொன்னதுமே கேள்வி தானாக எழுகிறது: வில்லை உயர்த்தினால் அச்சு உயருமா? உயராது. ஜிம்னிக்கு முன்னும் பின்னும் முழு நீள அச்சு. அதன் நடுவே பற்சக்கரங்களை அடைத்த உருண்டை, பட்டறை மொழியில் டிஃபரென்ஷியல். ஆற்றுப் பாறையில் முதலில் இடிப்பது பெரும்பாலும் அந்த உருண்டைதான். இரண்டு அங்குலம் அல்ல, ஆறு அங்குலத்துக்கு வில்லை உயர்த்தினாலும் அந்த உருண்டை இருந்த உயரத்திலேயே இருக்கும். அதற்கும் தரைக்கும் உள்ள இடைவெளியைக் கூட்டுவது டயர் ஒன்றே.

அப்படியானால் வில்லை ஏன் உயர்த்த வேண்டும்? பெரிய டயர் சக்கரக் குடைக்குள் உரசாமல் சுழல இடம் வேண்டும். மேட்டின் உச்சியில் வண்டியின் வயிறு தட்டாமல் கடக்க வேண்டும். ஜிம்னியின் முன் ஏறுகோணம், அதாவது முன்பக்கம் இடிக்காமல் ஏறக்கூடிய சரிவு, 36 பாகை, தாராளம். வயிறு தட்டாமல் மேட்டைக் கடக்கும் வயிற்றுக் கோணம் 24 பாகைதான். ஐந்து கதவுக்காக அச்சுகளின் இடைத்தூரத்தை 2,590 மில்லிமீட்டராக நீட்டியதற்குக் கொடுத்த விலை இது. மூன்று கதவு வண்டியில் அந்தத் தூரம் 2,250 மட்டுமே. நீண்ட வயிறு மேட்டில் தட்டும். வில்லுயர்த்தல் உதவுவது அந்த இடத்தில்.

டயர் என்ற சொல்லுக்கும் ஒரு கதை உண்டு. உடை, அணி என்று பொருள்படும் ஆங்கில ‘அட்டயர்’ தலை இழந்து ‘டயர்’ ஆயிற்று என்பது சொல்லாய்வாளர் பலர் கொள்ளும் முடிவு. சக்கரத்துக்குப் போட்ட உடை! அது ரப்பருக்கு முன்பே வந்த பெயர். மரச் சக்கரத்தின் வட்டையைச் சுற்றிப் பூட்டிய இரும்பு வளையத்தைக் குறித்தது. நம் ஊரில் அதைப் பட்டா என்றார்கள். எருவாட்டி மூட்டிய தீயில் பட்டாவைச் செக்கச்செவேலென்று காய்ச்சி, விரிந்த நிலையில் வட்டைமேல் இறக்கித் தண்ணீர் ஊற்றினால், அது சுருங்கி மரத்தை இறுக்கிப் பிடிக்கும். பிறகு ரப்பர்ச் சக்கரம் வைத்த மாட்டு வண்டி வந்தபோது ஊரே அதை ‘டயர் வண்டி’ என்று அழைத்தது. இன்று டயருக்கு உருளிப்பட்டை என்றெல்லாம் எழுதிப் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால், மாட்டு வண்டிக்காரரே ஏற்றுக்கொண்ட சொல்லை நான் ஏன் துரத்த வேண்டும்? டயர் டயராகவே இருக்கட்டும்.

ஆனால் டயரின் பக்கச் சுவரில் இருக்கும் எழுத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். ஜிம்னியோடு வருவது 195/80 ஆர் 15. அகலம் 195 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 80 விழுக்காடு. உள்ளே இருக்கும் வட்டின் விட்டம் 15 அங்குலம். நடுவில் நிற்கும் ‘ஆர்’ ரேடியல். இலத்தீனில் ‘ரேடியஸ்’ என்றால் சக்கரத்தின் கால், அதாவது ஆரக்கால். நம் கணக்குப் பாடத்தில் வட்டத்தின் ரேடியஸுக்கு ஆரம் என்றுதானே படித்தோம்? அங்கும் இங்கும் கணக்கு வாத்தியார்கள் வண்டிச் சக்கரத்தைப் பார்த்தே பெயர் வைத்திருக்கிறார்கள். டயருக்குள் இழைகள் ஆரக்கால்போல விளிம்பிலிருந்து விளிம்புக்கு ஓடுவதால் அது ரேடியல்.

இப்போது கணக்கு. அந்த டயரின் முழு விட்டம் 693 மில்லிமீட்டர். 215/75 ஆர் 15 மாட்டினால் ஏறக்குறைய 704. கூடும் 11 மில்லிமீட்டரில் பாதிதான் அச்சுக்குக் கீழே வரும். ஐந்து மில்லிமீட்டர் சொச்சம், ஒரு சுண்டுவிரல் அகலம்கூட இல்லை. ஆனால் பிடிப்புக் கூடும், வில்லைத் தொட வேண்டியும் இராது. 235/75 ஆர் 15 என்றால் விட்டம் 733 மில்லிமீட்டரைத் தாண்டும், அதாவது 29 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. அச்சு 20 மில்லிமீட்டர் உயரும். அதற்கு இடம் கொடுக்க இரண்டு அங்குல வில்லுயர்த்தல் வேண்டும். உடல் மொத்தமாக 70 மில்லிமீட்டர் ஏறிவிடும்.

அந்த 70-ஐ அலட்சியமாக எடுக்கக் கூடாது. ஜிம்னியின் அகலம் 1,645, உயரம் 1,720. பிறக்கும்போதே அகலத்தைவிட உயரம் அதிகமான வண்டி. ஏற்காடு கொண்டை ஊசி வளைவில் இதன் பொருளை இடுப்பு சொல்லும். டயரின் சுற்றளவு ஆறு விழுக்காடு கூடுவதால் வேகமானி 80 காட்டும்போது, முன்பு 80-ஆக இருந்தது இப்போது 85-க்கு அருகில் இருக்கும். ஒவ்வொரு கியரும் அதே அளவுக்கு நீண்டுபோகும், அதாவது வண்டியைத் தள்ளும் விசை அந்த அளவுக்குக் குறையும். 105 குதிரைத்திறன் எஞ்சினுக்கு ஏற்றத்தில் அது நன்றாகவே தெரியும்.

வில்லை உயர்த்தும்போது அச்சு சும்மா இருப்பதும் இல்லை. அதைப் பிடித்திருக்கும் நீளக் கைகள் கீழ்நோக்கிச் சாய்வதால் முன் அச்சு சற்றே உருண்டு, முன் சக்கரங்கள் திரும்பும் திருகு அச்சின் பின்சாய்வு குறையும். சைக்கிளின் முன் கவை சாய்ந்திருப்பதால்தானே கைப்பிடியை விட்டாலும் நேராகப் போகிறது? அந்தச் சாய்வு குறைந்தால் ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்பாது, நெடுஞ்சாலையில் வண்டி அலையும். குறுக்கே இருக்கும் பானார்டு தண்டு அச்சை ஒரு பக்கமாக இழுக்கும். தண்டின் நீளத்தையும் மூட்டுகளில் உள்ள ரப்பர்ப் புஷ்களையும் இதற்கேற்ப மாற்றித் தரும் பட்டறைக்குப் போக வேண்டும். என் நண்பர் முதலில் போன இடத்தில், இருக்கிற வில்லுக்கு அடியில் ஒரு வளையம் செருகினால் போதும், அரை நாள் வேலை என்றார்களாம். வளையம் உயரத்தைத் தரும், வில்லின் அசைவுத் தூரத்தைக் கூட்டாது. குழியில் சக்கரம் இறங்க வேண்டிய நேரத்தில் அதிர்வுத் தாங்கியின் எல்லை முன்னமே வந்து இழுத்துப் பிடிக்கும்.

வில்லை வாங்கும்போதும் உயரத்தை மட்டும் கேட்டால் போதாது. எத்தனை கிலோ கூடுதல் சுமைக்கு என்று கேட்க வேண்டும். இரும்பு பம்பர், சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச், கூரைக் கூடை எல்லாம் மாட்டியவருக்குச் செய்த வில்லை, வெறும் வண்டிக்குப் போட்டால் அது அமுங்காது. வில்வண்டி கட்டை வண்டியாகிவிடும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவையும் மறக்கக் கூடாது. பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. விபத்துக்குப் பிறகு காப்பீட்டுக்காரர் கேட்கும் கேள்வியை டயர் வாங்கும் முன்பே நாம் கேட்டுக்கொள்வது நல்லது.

ஆஃப்-ரோடு என்பதற்குத் தமிழ் தேடுகிறவர்களுக்குப் புறநானூற்றில் ஒரு பாட்டு இருக்கிறது, 102-ஆவது. ஔவையார் பாடியது. உப்பு வணிகர்களான உமணர்களின் வண்டியில் சுமை அதிகம், எருதுகளோ இளையவை. பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும் என்ன நேருமோ யார் அறிவார் என்று வண்டியின் கீழ்மரத்தில் இன்னோர் அச்சைக் கட்டி எடுத்துப் போகிறார்கள். அதன் பெயர் சேமவச்சு. அவர்கள் போனது கரட்டுவழி. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஜீப்பில் குலுங்கியபடி ஏறியவர்களுக்கு அந்தப் பாட்டுக்கு உரை தேவைப்படாது.

நாம் இன்று சேமவச்சு எடுத்துப் போவதில்லை, ஸ்டெப்னி எடுத்துப் போகிறோம். அது வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரின் ஸ்டெப்னி தெருவில் 1904-இல் உதிரிச் சக்கரம் செய்து விற்ற கடையிலிருந்து வந்த பெயர். சேமச் சக்கரம் என்றால் ஔவைக்கும் புரியும். நான்கு சக்கர இயக்கத்தில் ஒரு சக்கரம் மட்டும் சிறியதாக இருந்தால் பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். ஆகவே பின்கதவில் தொங்குவதும் அதே அளவாக இருக்க வேண்டும், அதன் கூடுதல் எடையைக் கதவுக் கீல் தாங்கவும் வேண்டும்.

நண்பர் கடைசியில் வில்லைத் தொடாமல் 215-க்கு இறங்கி வந்தார். கடைக்காரரிடம் நான்கு டயருக்கு விலை பேசிக்கொண்டிருந்தார். ஐந்து என்றேன்.