சொல் விளக்கம்: பிளெமிஷ்

கட்டடப் பொறியியல் படித்தவர்களுக்கு இந்தச் சொல் செங்கல்லோடுதான் அறிமுகம் ஆகியிருக்கும். ஒரே வரிசையில் ஒரு கல்லை நீளவாக்கிலும் அடுத்ததைக் குறுக்குவாக்கிலும் மாற்றி மாற்றி வைத்துக் கட்டினால் அது பிளெமிஷ் பாண்டு. ஓவியம் பார்ப்பவர்களுக்கு யான் வான் ஐக்கும் ரூபன்ஸும் பிளெமிஷ் ஓவியர்கள். அதுவரை சிக்கல் ஒன்றும் இல்லை. மொழியின் பெயராக வரும்போதுதான் தகராறு.

"பெல்ஜியத்தில் பிளெமிஷ், பிரெஞ்சு, ஜெர்மன் ஆகிய மூன்றும் ஆட்சிமொழிகள்" என்று நம்மில் பலர் எழுதிவிடுகிறோம். முதல் பெயர் தவறு. பெல்ஜியச் சட்டத்தில் இருப்பது 'நேடர்லண்ட்ஸ்', அதாவது நாம் டச்சு என்று சொல்வது. பெல்ஜியத்தின் வட பாதியில் வாழும் பிளெமிஷ் மக்களின் பண்பாட்டு மன்றமே 1973இல் ஆணை போட்டு, தங்கள் மொழியின் அலுவல் பெயர் நேடர்லண்ட்ஸ்தான் என்று முடிவு செய்தது. இருந்தாலும் கென்ட் நகரத்துக் கடைக்காரரிடம் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று கேட்டால் 'விளாம்ஸ்' என்று சொன்னாலும் சொல்வார். அதுவும் பொய் இல்லை.

சரி, சொல் எங்கிருந்து வந்தது? 'விளாம்ஸ்' என்பதன் ஆங்கில வடிவம்தான் பிளெமிஷ். பிளாண்டர்ஸ் என்ற நாட்டுப் பெயரும் இதே வேரைச் சேர்ந்தது. வெள்ளம், நீர் புகுந்த நிலம் என்ற பொருள் தரும் பழைய ஜெர்மானிய வேர் என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். வட கடலோரத்தில் அலை ஏறி இறங்கும் சேற்று நிலத்துக்குப் பொருத்தமான பெயர்தான். இடைக்காலத்தில் பிளாண்டர்ஸ் என்றால் புரூஜ், கென்ட் நகரங்களைச் சுற்றிய ஒரு சிற்றரசு மட்டுமே. ஆண்ட்வெர்ப் அதில் இல்லை, அது பிரபாண்ட். இன்றைக்கு பெல்ஜியத்தின் வட பாதி முழுவதையும் பிளாண்டர்ஸ் என்கிறோம். பகுதியின் பெயர் முழுமைக்கும் ஏறிவிட்டது.

எதிர்ப்பக்கமும் இதே கதைதான். ஹாலந்து என்பது நெதர்லாந்தின் ஒரு மாகாணம், 1840இல் வடக்கு, தெற்கு என்று இரண்டாகப் பிரிந்தது. நாமோ நாடு முழுவதையும் ஹாலந்து என்றோம். ஈழத்தில் இன்றும் ஒல்லாந்தர், பழைய வழக்கில் உலாந்தா. 'டச்சு' என்ற சொல் இன்னும் வேடிக்கை. மக்கள் என்று பொருள்படும் வேரிலிருந்து வந்தது, லத்தீனுக்கு எதிராக 'சனங்களின் பேச்சு' என்ற கருத்தில். ஜெர்மானியர் தங்கள் மொழியைச் சொல்லும் 'டொய்ச்' என்பதும் அதே சொல்தான். ஆங்கிலேயர் அதைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு மட்டும் ஒட்டிவைத்தார்கள், நாம் அவர்களிடமிருந்து வாங்கிக்கொண்டோம். 'நேடர்லண்ட்ஸ்' என்றால் தாழ்நிலத்தாருடையது. அதில் இரண்டு நாட்டுக்காரரும் அடங்குவார்கள்.

டச்சுப் பொதுமொழி ஏன் வடக்கத்திச் சாயலில், அதாவது நெதர்லாந்துச் சாயலில் அமைந்தது என்பதற்கு 1585ஐப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு ஸ்பானியப் படையிடம் ஆண்ட்வெர்ப் விழுந்தது. வணிகரும் அச்சகத்தாரும் நெசவாளரும் பல்லாயிரக்கணக்கில் வடக்கே போனார்கள். பணமும் படிப்பும் அவர்களோடு ஆம்ஸ்டர்டாமுக்கும் லைடனுக்கும் போயின. 1637இல் வந்த அரசு விவிலிய மொழிபெயர்ப்பு எழுத்து வழக்கை ஓரளவு கட்டிப்போட்டது. தெற்கில், அதாவது இன்றைய பெல்ஜியத்தில், மேல்தட்டு பிரெஞ்சுக்கு மாறிக்கொண்டிருந்தது. 1830இல் பெல்ஜியம் தனி நாடானபோது டச்சு வெறும் சாமானியர் பேச்சு. 1898இல்தான் சட்டங்களில் பிரெஞ்சுக்குச் சம இடம் கிடைத்தது, கென்ட் பல்கலைக்கழகம் டச்சில் கற்பிக்க 1930 ஆயிற்று. டச்சுக்கு இந்த இடம் கேட்டுப் போராடியவர்களில் பலர், "எங்கள் மொழி தனி" என்று சொல்லாமல், "வடக்கில் இருப்பதும் எங்களுடையதும் ஒன்றே" என்று வாதாடினார்கள். சிறு வட்டார வழக்கு என்று பெயர் வாங்கினால் பிரெஞ்சின் முன் நிற்க முடியாது என்ற கணக்கு அது. 1980இல் இரு நாடுகளும் சேர்ந்து டச்சு மொழி ஒன்றியத்தை அமைத்தன. எழுத்துக்கூட்டு விதி இரு நாட்டுக்கும் ஒன்றே.

எழுத்து ஒன்று, ஆனால் சமையலறைக்குள் நுழைந்தால் ஆளுக்கொரு சொல். 'தஸ்' என்றால் நெதர்லாந்தில் பை, பிளாண்டர்ஸில் கோப்பை. "ஒரு தஸ் காபி" என்று பிளெமிஷ்காரர் கேட்டால் வடக்கத்தியார் காதில் ஒரு பை காபி என்று விழும். பிளெமிஷ் பொருள் பிரெஞ்சிலிருந்து வந்தது. ஆரஞ்சுப் பழம் வடக்கில் 'சீனாஸ்-அப்பெல்', தெற்கில் 'அப்பெல்-சீன்'. இரண்டுக்கும் பொருள் சீன ஆப்பிள், முன்பின் மட்டும் மாறியிருக்கிறது.

வெங்காயத்தின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. பிரெஞ்சு 'ஓன்யோன்' தாழ்நிலத்துக்கு வந்து தெற்கில் 'அயவ்ன்' ஆயிற்று, வடக்கில் 'அவ்யன்' ஆயிற்று. வடக்கத்தியாருக்கு 'அன்' என்று முடிந்தால் பன்மை. எனவே பன்மை விகுதி என்று நினைத்து வாலை நறுக்கி, ஒற்றை வெங்காயத்தை 'அவ்' ஆக்கிவிட்டார்கள். தெற்கத்தியார் நறுக்காமல் முழுசாகவே வைத்துக்கொண்டார்கள்.

ஆபத்தானவை, இரு பக்கமும் இருந்து பொருள் மட்டும் மாறும் சொற்கள்தான். 'லோபன்' வடக்கில் நடப்பது, பிளாண்டர்ஸில் ஓடுவது. 'ஸ்கோன்' வடக்கில் சுத்தம், தெற்கில் அழகு. 'மிடாக்' பிளெமிஷ்காரருக்கு உச்சிப்பொழுது, வடக்கத்தியாருக்குப் பிற்பகல் முழுவதும். சந்திக்க நேரம் குறிக்கும்போது இது ஒன்று போதும், ஒருவர் சாப்பாட்டு வேளைக்கு வந்து நிற்பார், மற்றவர் நாலு மணிக்கு வருவார். 'பூப்' என்பது பிளாண்டர்ஸில் குழந்தையின் பின்புறம், பாட்டிகள் கூசாமல் சொல்லும் சொல். நெதர்லாந்தில் அது மலம்.

பிரெஞ்சு விஷயத்தில் ஒரு முரண் உண்டு. பிளெமிஷ்காரர் பேச்சில் லாரிக்குக் 'காமியோன்', குளிர்சாதனப் பெட்டிக்கு 'ஃப்ரிகோ' என்று பிரெஞ்சு புரளும். ஆனால் எழுத உட்கார்ந்தால் பிரெஞ்சு வாடை ஆகாது. வடக்கத்தியார் கூச்சமில்லாமல் பிரெஞ்சில் 'ப்யுனேஸ்' என்று சொல்லும் குத்தூசியை இவர்கள் 'டவ்ம்ஸ்பைக்கர்', அதாவது பெருவிரல் ஆணி என்பார்கள். பிரெஞ்சோடு ஒரே வீட்டில் இருந்து அடிபட்டவர்களுக்குத்தான் தூய சொல்லின் மீது இந்தப் பிடிப்பு வரும் போலிருக்கிறது.

அகராதிகள் நெடுங்காலம் தெற்கத்திச் சொல்லுக்கு மட்டும் 'பெல்ஜிய வழக்கு' என்று முத்திரை குத்தின. வடக்கத்திச் சொல்லுக்கு முத்திரை கிடையாது, அதுவே பொது. வடக்கில் மட்டும் வழங்கும் சொல்லுக்கும் குறி போடுவது அண்மைக் காலத்து மாற்றம். எனக்கு இது நியாயமாகவே படுகிறது.

பேச்சு வழக்குகளின் எல்லை நாட்டு எல்லையோடு ஒத்துப்போவதில்லை. பிரபாண்ட் வழக்கு எல்லையின் இருபுறமும் உண்டு, லிம்பர்க் வழக்கும் அப்படியே. பிளெமிஷ் அடையாளமாகச் சொல்லப்படும் மென்மையான 'க'கர உரசல் நெதர்லாந்தின் தென் மாகாணங்களிலும் கேட்கும். பழைய பிளாண்டர்ஸின் சொந்த வாரிசு என்றால் மேற்கு பிளெமிஷைத்தான் சொல்ல வேண்டும். அங்கே அந்தக் 'க'கரம் 'ஹ'கரமாகிவிடும், உண்மையான 'ஹ'கரம் விழுந்துவிடும். 'ஆம்' என்ற சொல்லோடு அங்கே தன்மை, முன்னிலை எல்லாம் ஒட்டிக்கொள்கின்றன. "நீ சாப்பிட்டாயா?" என்று கேட்டால் 'யோவக்' என்பார்கள், 'ஆம்-நான்' என்று. அந்தப் பேச்சைத் தொலைக்காட்சியில் காட்டும்போது மற்றப் பிளெமிஷ்காரருக்கே அடியில் எழுத்து ஓட விடுகிறார்கள்.

பொதுமொழியில் 'ஹவ்ஸ்' என்னும் வீடு மேற்கு பிளெமிஷில் 'ஊஸ்'. பக்கத்து நெதர்லாந்து மாகாணமான சீலாந்திலும் ஏறக்குறைய இதே ஒலிதான். நம் கக்கூசு அந்த வீட்டைக் கொண்ட டச்சுக் கூட்டுச்சொல்லிலிருந்து வந்தது. பொதுமொழி ஒலிப்படி வந்திருந்தால் 'கக்கவுசு' ஆகியிருக்க வேண்டும். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கிளைகளில் ஒன்று சீலாந்தின் மிடில்பர்கில் இருந்தது, நாகப்பட்டினத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வந்த கப்பல்களில் அந்த ஊர்க்காரர் குறைவில்லை. அந்த 'ஊ' அவர்கள் வாயிலிருந்து வந்தது என்பது என் ஊகம். பீன்ஸைக் குறிக்கும் ஈழத்துப் போஞ்சியில் உள்ள 'ஞ்சி'யோ வடக்கத்திச் சிறுமை விகுதியான 'ய' தந்தது. தெற்கில் பல வழக்குகளில் அந்த விகுதி 'க'. அந்த வழக்குகளின் வாய்வழியே வந்திருந்தால் அது போங்கி ஆகியிருக்கலாம்.

இன்றைய இளைஞர் பேசுவது அசல் வட்டார வழக்கும் இல்லை, செய்தி வாசிப்பாளரின் டச்சும் இல்லை. இந்த நடுப்பேச்சுக்கு எழுத்தாளர் கீர்ட் வான் இஸ்டன்டேல் 1989இல் 'வெர்காவலிங்ஸ்-விளாம்ஸ்' என்று பெயர் வைத்தார். மனைப்பிரிவுப் பிளெமிஷ், நம் பேச்சில் லேஅவுட் பிளெமிஷ். வயலைப் பிளாட் போட்டுக் கட்டிய புறநகர் வீடுகளில் வளர்ந்த பேச்சு என்ற குத்தல் அது. குத்தலாக வந்த பெயர் நிலைத்துவிட்டது.

அப்புறம், தமிழில் எப்படி எழுதுவது? 'பிளெமியம்' என்று ஆக்கினால் காதுக்கு நன்றாக இருக்கும், ஆனால் தனி மொழி என்ற மயக்கத்தைக் கூட்டும். 'நெதர்லாந்து மொழி' என்றால் பெல்ஜியத்தின் அறுபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளியே நிற்பார்கள். 'தாழ்நில மொழி' பொருளுக்கு நெருக்கம், ஆனால் வாசகர் நின்று யோசிப்பார். ஆகவே மொழிக்கு டச்சு என்றே எழுதலாம், ஈழ வாசகருக்கு ஒல்லாந்து மொழி. பெல்ஜியத்தின் பள்ளியிலும் செய்தியிலும் வழங்கும் பொதுவழக்குக்குப் 'பெல்ஜிய டச்சு'. மக்களுக்கும் ஓவியத்துக்கும் செங்கல்லுக்கும் 'பிளெமிஷ்' இருக்கட்டும். ஊர்ப் பேச்சுக்கு 'மேற்கு பிளெமிஷ் வழக்கு', 'பிரபாண்ட் வழக்கு' என்று வழக்கு சேர்த்து எழுத வேண்டும். யாழ்ப்பாணத்தார் கதைப்பதும் மதுரைக்காரர் பேசுவதும் தமிழ்தான் என்று நாம் எழுதுவது போலத்தான் இதுவும். முதலில் சொன்ன வாக்கியத்தை இனி இப்படி எழுதலாம்: "பெல்ஜியத்தின் ஆட்சிமொழிகள் டச்சு, பிரெஞ்சு, ஜெர்மன்."