கானாங்கோழியைப் படமெடுப்பது ஏன் இவ்வளவு கடினம்?

கோரைத் தண்டு துல்லியமாகப் பதிந்திருக்கும். அதன் பின்னால் பழுப்பாக ஏதோ ஒன்று கலங்கித் தெரியும். சிறிய கானாங்கோழிகளைத் தேடிப் போகிறவர்களின் கேமராவில் பெரும்பாலும் மிஞ்சுவது இதுதான். சென்னைப் பள்ளிக்கரணையின் பெய்லான் கானாங்கோழியானாலும், இங்கிலாந்தின் நார்ஃபோக் நாணற்காட்டில் வாழும் நீர்க் கானாங்கோழியானாலும் கதை ஒன்றே. கேமராவைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒளிந்து வாழ்வதற்கென்றே அமைந்த உடல் அது.

கொல்லைப்புறம் வரை துணிந்து வரும் வெண்மார்புக் கானாங்கோழியை நாம் பார்த்துப் பழகியிருக்கிறோம். அதன் சிறிய உறவினர்களுக்கு அந்தத் துணிச்சல் கிடையாது. பெய்லான் கானாங்கோழியின் நீளம் 17 முதல் 19 செ.மீ.தான். பக்கவாட்டில் நின்றால் கொழுத்த பறவையாகத் தோன்றும். நேர் எதிரே திரும்பினால் பாதி உடல் காணாமல் போகும், அத்தனை ஒடுக்கம். முதுகெலும்பும் நன்றாக வளைந்து கொடுப்பதால், தண்டுகளை அசைக்காமலே இடுக்குகளில் நுழைந்துவிடும். நாணல் ஆடினால்தானே மேலே வட்டமிடும் பூனைப்பருந்துக்குத் தெரியும்? நீண்ட விரல்கள் எடையைப் பரப்பி, மிதக்கும் இலைகளின் மேலும் நடக்க உதவுகின்றன.

நிறத்தின் வேலையை முதலில் தெளிவாக விளக்கியவர்களில் ஒருவர் அமெரிக்க ஓவியர் அபட் தாயர். தட்டையான தாளில் ஓர் உருண்டையைக் காட்ட ஓவியர் அடிப்பகுதியில் நிழல் தீட்டுவார். பல விலங்குகளின் உடலில் நடப்பது இதற்கு நேர் எதிர் என்று அவர் 1896இல் எழுதினார். வெளிச்சம் படும் முதுகு கருமையாகவும் நிழல் விழும் வயிறு வெளிறியும் இருப்பதால் இரண்டும் ஈடாகி, உருண்ட உடல் தட்டையாகத் தோன்றுகிறது. உடலின் விளிம்பை உடைத்துக் காட்டும் பட்டைகளைப் பற்றியும் தாயர் பேசினார். கானாங்கோழிக்கு இந்த இரண்டாவது உத்திதான் அதிகம் கைகொடுக்கிறது. விலாவில் கறுப்பும் வெள்ளையுமாக ஓடும் கோடுகளில் பறவை எங்கே முடிகிறது, தண்டின் நிழல் எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் பிரிக்க முடிவதில்லை. தாயர் பிறகு எல்லை மீறிப்போனார். பூநாரையின் சிவப்புகூட அந்திவானத்தில் மறைவதற்குத்தான் என்றார். அமெரிக்க அதிபராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் அதைக் கிண்டலடித்தார். கிண்டலில் நியாயம் இருந்தது.

கேமராவுக்கு முந்தைய ஓவியர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்கள் வரைந்தது பெரும்பாலும் செத்த பறவையை. ஜான் ஜேம்ஸ் ஆடுபான், புதிதாகச் சுட்ட பறவையைக் கட்டம் போட்ட பலகையில் கம்பியால் நிறுத்திவைத்து, உயிருள்ள அளவிலேயே தீட்டுவார். அமெரிக்கப் பறவைகளைப் பற்றிய அவருடைய நூலின் 435 படத்தகடுகள் 1827 முதல் 1838 வரை வெளிவந்தன. தாள் ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம். சிட்டுக்குருவி அளவே இருக்கும் கறுப்புக் கானாங்கோழிக்கும் அதில் ஒரு முழுத் தாள் கிடைத்தது. அழகான படங்கள்தான். ஆனால் கோரையை விலக்கிவிட்டுக் கானாங்கோழியைக் காட்டினால், அந்த ஒடுங்கிய உடலும் கோடுகளும் எதற்கு என்பதே விளங்காமல் போகிறது.

உயிருள்ள பறவையை நாணலுக்குள்ளேயே பிடிக்க முயன்றவர்களில் ஆங்கிலேயப் புகைப்படக் கலைஞர் எம்மா டர்னர் முன்னோடி. கண்ணாடித் தகட்டுக் கேமராக் காலம் அது. நார்ஃபோக் நீர்நிலைகளில் அவர் முதலில் படமெடுத்த பறவை நீர்க் கானாங்கோழி. தாமே வடிவமைத்து ஆண்டில் பல மாதங்கள் வாழ்ந்த படகுவீட்டுக்கும் அதன் பெயரையே வைத்தார்.

இன்றைய பெரிய லென்ஸ் செய்யும் காரியம் வேறு. நண்பகல் வெளிச்சத்தில் நம் கண்மணியின் விட்டம் இரண்டு, மூன்று மில்லிமீட்டர். ஐந்து மில்லிமீட்டர் தண்டு நடுவில் நின்றால், அதற்கு நேர் பின்னால் இருப்பது அந்தக் கண்ணுக்கு அறவே தெரியாது. 500 மி.மீ. குவியத்தூரம் கொண்ட எஃப்/4 லென்ஸின் ஒளித்துளையோ, 500ஐ நான்கால் வகுத்தால் வரும் 125 மி.மீ. விட்டம். பறவை பத்து மீட்டர் தொலைவில் இருப்பதாகக் கொள்வோம். அதன் உடலின் ஒரு புள்ளியிலிருந்து கிளம்பும் ஒளி, கூம்பாக விரிந்து லென்ஸை நிறைக்கிறது. பாதி வழியில் அந்தக் கூம்பின் அகலம் 62 மி.மீ.; அங்கே நிற்கும் தண்டு மறைப்பது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஒளியை. படத்தில் அது மெல்லிய மூட்டமாகக் கரைந்துவிடும். பறவைக்கு ஒரு மீட்டர் முன்னால் கூம்பு 12.5 மி.மீ.; அங்கே நிற்கும் தண்டு ஏறக்குறைய பாதியைத் தின்றுவிடும். பறவையை ஒட்டிப் பத்து செ.மீ. முன்னால் நின்றாலோ, கூம்பு ஒன்றேகால் மில்லிமீட்டர்தான்; தண்டு முழுச்சுவர். லென்ஸுக்கு அருகிலிருக்கும் புல்லைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், பறவையை ஒட்டிய புல்தான் எதிரி என்று அனுபவசாலிகள் சொல்வதன் கணக்கு இது.

தானியங்கிக் குவியம் இங்கே தடுமாறுவதும் இயல்பே. எதிரே வெயிலில் பளிச்சென்று நிற்கும் தண்டின் விளிம்பு, மங்கிய பழுப்பு இறகைவிட அதற்கு எளிதான பிடிப்பு. கண்ணைக் கண்டுபிடிக்கும் புதிய கேமராக்கள் ஓரளவு தப்பிக்கின்றன. தண்டு கண்ணை மறைத்தால் அவையும் அதே நிலைதான். பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வெளியே வரவழைப்பவர்களும் உண்டு. இனப்பெருக்கக் காலத்தில் அது எல்லைச் சண்டைக்கு அழைப்பது போலத்தான். கூட்டை விட்டு ஓடிவரும் பறவையின் படத்தை நான் ரசிப்பதில்லை.

ஆளே இல்லாமல் படமெடுப்பது இன்னொரு வழி. தானியங்கிப் பொறிக் கேமராவின் உணரி, சுற்றுப்புறத்திலிருந்து வேறுபட்ட வெப்பம் நகர்வதைக் கண்டு விசையை இயக்கும். முப்பது கிராம் பறவையின் வெப்பம் மிகச் சொற்பம். வெயிலில் சூடான நாணல் காற்றில் ஆடினாலே உணரி ஏமாந்துவிடும். ஆகவே கேமராவைப் பறவை கடக்கும் இடுக்குக்கு மிக அருகே, தரையோடு தரையாக வைக்க வேண்டும். அமெரிக்காவின் தெற்குக் கரோலினா சதுப்புகளில் கறுப்புக் கானாங்கோழிகள் இப்படித்தான் பதிவாகின. கண்காட்சிக்கு உதவாத மங்கலான படங்கள்தான். ஆனால் இறகு உதிர்க்கும்போது இந்தப் பறவை பறக்க உதவும் இறகுகள் அனைத்தையும் ஒரே நேரத்தில் இழந்து, சில வாரம் பறக்கவே முடியாமல் இருப்பதை இத்தகைய பதிவுகளில் காணலாம். அந்நாட்டு அரசு 2020இல் கிழக்குக் கறுப்புக் கானாங்கோழி என்னும் இதன் துணையினத்தை அச்சுறுத்தலுக்கு உள்ளானதாக அறிவித்தபோது, கூடுகட்டும் காலத்தோடு இந்தப் பறக்க இயலாத காலத்திலும் அதன் வாழிடத்தில் புல் வெட்டுவதற்குக் கட்டுப்பாடு விதித்தது.