மைனிங் மெஷின் வாங்கும் முன் சுவருக்குள் ஓடும் வயரைப் பாருங்கள்

கிரிப்டோ மைனிங் (பிட்காயின் போன்ற டிஜிட்டல் காயின் சம்பாதிக்க மெஷினை இடைவிடாமல் கணக்குப் போடவைப்பது) பற்றி என்னிடம் கேட்க வருகிற இளைஞர்களுக்கு மெஷின் என்ன விலை, காயின் என்ன விலை என்பதெல்லாம் விரல் நுனியில் இருக்கிறது. அந்த மெஷினை எந்த பிளக் பாயின்ட்டில் செருகப் போகிறார்கள் என்று கேட்டால்தான் பதில் வருவதில்லை. வேலூர், காட்பாடி வட்டாரத்தில் வீட்டு வயரிங் வேலை செய்கிறவன் நான். காயின் ஏறுமா இறங்குமா என்பது என் தொழில் இல்லை. ஆனால் கருகிய சாக்கெட்டைக் கழற்றி மாற்றும் வேலை என்னிடம்தான் வருகிறது. அதனால் இதைச் சொல்லியாக வேண்டும்.

நம் வீடுகளில் இழுக்கும் வயர், விட்டுவிட்டு ஓடும் பொருட்களை மனதில் வைத்துப் போட்டது. தண்ணீர் மோட்டார் டேங்க் நிரம்பியதும் நிற்கும். கிரைண்டர் மாவு அரைந்ததும் நிற்கும். கீசர், அயர்ன் பாக்ஸ் எல்லாம் சூடேறியதும் தானே கட்டாகும். ஏசியில்கூட கம்ப்ரஸர் இடையிடையே ஓய்கிறது. அந்த இடைவெளியில்தான் வயரும் சாக்கெட்டும் ஆறுகின்றன. மைனிங் மெஷினுக்கு இடைவெளியே கிடையாது. இரவு பகல், ஞாயிறு பண்டிகை என்று பார்க்காமல் ஒரே அளவில் இழுத்துக்கொண்டே இருக்கும். நான் பார்த்த பழுதுகளில் பெரும்பாலானவற்றின் வேர் இதுதான்.

ஒரு கணக்கு சொல்கிறேன். பிட்காயினுக்கென்றே வரும் ஆன்ட்மைனர் எஸ்19 மெஷின் 3250 வாட் இழுக்கும். 230 வோல்ட்டில் அது 14 ஆம்பியர். 16 ஆம்பியர் பவர் சாக்கெட் இருக்கிறதே, போதாதா என்று கேட்பார்கள். காகிதத்தில் போதும். ஆனால் பல வருடம் பிளக்கைச் செருகியும் பிடுங்கியும் உள்ளே இருக்கும் பித்தளைப் பிடி தளர்ந்திருக்கும்; பின்பக்க ஸ்க்ரூவும் லூசாகியிருக்கும். அந்தத் தொடுமுனையில் வெறும் 0.1 ஓம் தடை வந்தால்கூட, 14 ஆம்பியர் அதன் வழியே போகும்போது கிட்டத்தட்ட 20 வாட் வெப்பம் அந்த ஒரு புள்ளியிலேயே பிறக்கும். மொபைல் கடையில் பார்த்திருப்பீர்களே, ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயன், அது 25 வாட். ஏறக்குறைய அப்படி ஒன்றை ஸ்விட்ச் போர்டுக்குள் மாதக்கணக்கில் எரியவிட்டதற்குச் சமம்.

இதில் எம்சிபி, அதாவது கரண்ட் அளவு மீறினால் தானே விழுந்து லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச், விழாது. இதைத்தான் மக்களுக்குப் புரியவைப்பது கஷ்டமாக இருக்கிறது. எம்சிபி பார்ப்பது கரண்ட்டின் அளவை; சாக்கெட்டில் ஏறும் சூடு அதற்குத் தெரியாது. லூஸ் கனெக்‌ஷன் எவ்வளவு சூடானாலும் கரண்ட் அதே 14 ஆம்பியர்தான். எம்சிபிக்கு அது சரியான அளவு. சத்துவாச்சாரியில் ஒரு வீட்டில் பையன், "எம்சிபி ஒரு தடவைகூட விழலண்ணா, எல்லாம் கரெக்டாதான் ஓடுது" என்று அடித்துச் சொன்னான். அவன் அம்மாதான் என்னைக் கூப்பிட்டவர். "சுவத்துல கை வெச்சா சுடுதுப்பா, ஏதோ ரப்பர் கருகுற வாசனை வருது" என்றார். போர்டைத் திறந்தபோது வயரின் மேலுறை இரண்டு விரல் நீளத்துக்குக் கருகி நொறுங்கியது. அந்த வீட்டில் ஆபத்தை முதலில் கண்டுபிடித்தது அந்த அம்மாவின் மூக்கு. வீட்டில் யாராவது கருகல் வாசனை என்று சொன்னால் தயவுசெய்து அலட்சியப்படுத்தாதீர்கள்.

எம்சிபி அடிக்கடி விழுகிற வீடுகளில் நடப்பது இன்னும் மோசம். எம்சிபிக்கள் 30 டிகிரி வெப்பத்தைக் கணக்கில் கொண்டு தயாரிக்கப்படுகின்றன. நம் ஊரில் கத்திரி வெயிலில் எம்சிபிக்கள் இருக்கும் மூடிய டிபி பாக்ஸுக்குள் சூடு அதைவிட வெகு அதிகம், அதனால் குறித்த அளவுக்கு முன்பே விழும். உடனே 16-ஐக் கழற்றிவிட்டு 32 போடச் சொல்கிறார்கள். போட்டுக்கொடுக்கவும் ஆள் இருக்கிறார்கள். வயர் பழைய வயரே. கொசப்பேட்டை, சைதாப்பேட்டை பக்கத்துப் பழைய வீடுகளில் இன்னும் 3/20 என்ற பழைய மெல்லிய வயர் ஓடுகிறது, சில இடங்களில் அலுமினியமும் உண்டு. அதன் தலையில் 32 ஆம்பியர் எம்சிபி வைத்தால், காவல்காரனை அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைத்த மாதிரி. எம்சிபி என்பது மெஷினுக்காக இல்லை, வயரைக் காப்பாற்றத்தான்.

லோ வோல்டேஜ் பற்றியும் சொல்ல வேண்டும், அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கம் இருப்பவர்கள் கவனியுங்கள். குண்டு பல்புக்கு வோல்டேஜ் குறைந்தால் வெளிச்சம் குறையும், கரண்ட்டும் குறையும். கம்ப்யூட்டர் பவர் சப்ளை அப்படி இல்லை. அதற்கு வேண்டிய வாட்டை எப்படியும் எடுத்தே தீரும், ஆகவே வோல்டேஜ் குறையக் குறையக் கரண்ட் கூடும். அதே எஸ்19, 200 வோல்ட்டில் 16 ஆம்பியரைத் தாண்டிவிடுகிறது. சாயங்காலம் ஊரே லைட் போடும் நேரத்தில் உங்கள் சாக்கெட் அதிகம் சுடுவதற்கு இதுதான் காரணம்.

கிராபிக்ஸ் கார்டு வைத்து ஓட்டுபவர்கள் வேறு ரகம். 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி எத்தீரியம் என்ற கிரிப்டோ காயின் மைனிங் முறையையே கைவிட்ட பிறகு அந்தக் கார்டுகள் செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கைமாறின. மலிவாகக் கிடைத்ததே என்று ஆறு கார்டைச் சேர்த்து இரும்பு ஃப்ரேமில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். அங்கே ரைசருக்கு (கார்டை மதர்போர்டோடு இணைக்கும் சின்ன போர்டு) கரண்ட் கொடுக்கும் கேபிளைப் பாருங்கள். ஹார்ட் டிஸ்க்குக்கான சாட்டா கனெக்டர் 12 வோல்ட்டில் 54 வாட் வரைதான் தாங்கும். ஒரு கார்டு ஸ்லாட் வழியாக 75 வாட் வரை கேட்கலாம். சாட்டா கன்வெர்ட்டர் போட்ட ரைசர்கள் உருகுவது இதனால்தான். சிக்ஸ் பின் கனெக்டரை நேரடியாகப் பவர் சப்ளையிலிருந்து கொடுங்கள்.

எர்த் இல்லாத வீட்டில் ஃப்ரேமைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கும். ஒவ்வொரு பவர் சப்ளையின் ஃபில்டரிலிருந்தும் கொஞ்சம் கரண்ட் கசியும், அது போக வேண்டிய வழி எர்த். பல சப்ளைகள் சேர்ந்தால், கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி விழவும் செய்யும். அதற்காக ஆர்சிசிபியை பைபாஸ் செய்யாதீர்கள். உயிரைக் காப்பது அது ஒன்றுதான். லோடைப் பிரித்து வேறு ஆர்சிசிபியில் கொடுங்கள்.

சூட்டைப் பற்றி வேலூர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 3250 வாட் மெஷின் இழுக்கும் மின்சாரம் அத்தனையும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. அதை வெளியேற்ற ஏறக்குறைய ஒரு டன் ஏசி முழு நேரமும் ஓட வேண்டும். மெஷின் தயாரிப்பாளர் சொல்லும் அறை வெப்ப எல்லை 40 டிகிரி; நம் மே மாதத்தில் வெளிக்காற்றே அதைத் தாண்டுகிறது. மொட்டைமாடியில் ஷீட் போட்ட அறை இதற்கு ஆகவே ஆகாது.

சரி, பில். இந்த மெஷினுக்கு ஒரு நாளைக்கு 78 யூனிட், இரண்டு மாதத்துக்கு 4680. வீட்டுச் செலவு ஒரு 500 யூனிட்டையும் சேர்த்தால் 5180. 2024 ஜூலைக் கட்டணப்படி 1000 யூனிட்டுக்கு மேல் யூனிட் 11.80 ரூபாய். மேலே போன 4180 யூனிட்டுக்கு மட்டும் 49,324 ரூபாய். வருமானம்? 2024 ஏப்ரலில் புதிய பிட்காயின் வரவு பாதியாகக் குறைந்த பாதியாக்கத்துக்குப் பிறகு உலகம் முழுவதற்கும் சேர்த்து ஒரு நாளைக்குக் கிடைப்பது சுமார் 450 பிட்காயின். அதை உலகத்து மெஷின்கள் எல்லாம் தங்கள் வேகத்தின் விகிதத்தில் பங்குபோடுகின்றன. உலக வேகம் 100 கோடி டெராஹாஷ் (ஒரு டெராஹாஷ் என்றால் நொடிக்கு ஒரு லட்சம் கோடி கணக்கு) என்று வையுங்கள், உங்கள் மெஷின் 95 டெராஹாஷ். ஒரு பிட்காயின் ஒரு கோடி ரூபாய் என்றே வைத்தாலும் இரண்டு மாதத்தில் உங்கள் பங்கு 25,650 ரூபாய். கரண்ட் பில்லில் பாதிதான் தேறுகிறது. ஏசி, மெஷின் விலை இரண்டையும் இன்னும் சேர்க்கவே இல்லை.

வரியும் உண்டு. 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீதம். மைனிங் கட்டமைப்புச் செலவை வாங்கிய விலையாகக் காட்டிக் கழிக்க முடியாது என்று மத்திய அரசு நாடாளுமன்றத்திலேயே தெளிவாக்கிவிட்டது. இதற்கு மேல் ஆடிட்டரைக் கேளுங்கள்.

இந்தக் கணக்கைக் கேட்டதும் சிலர் அடுத்த கேள்விக்குத் தாவுகிறார்கள்: "பம்ப்செட் கரண்ட் இலவசம்தானே, கொட்டகையில வெச்சா?" வேண்டாம். விவசாயத்துக்குத் தந்த இணைப்பை வேறு காரியத்துக்கு எடுப்பது 2003 மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவில் வருகிறது. உரிய கட்டணத்தைப் போல் இரண்டு மடங்கு கட்டவேண்டி வரும். பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த இலவச கரண்ட் சிறு விவசாயியின் நெல்லுக்கும் வாழைக்கும் கொடுத்தது. பாலாறு வறண்டு கிணற்றை நம்பியே பயிர் நிற்கும் இந்த மாவட்டத்தில், ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கும் பக்கத்து நிலத்துக்காரர் மோட்டார் ஓடாமல் நிற்க நாம் காரணமாகக் கூடாது.

வாடகை அறையில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. கரண்ட் வாடகையோடு சேர்த்தி என்பதால் மெஷினைக் கட்டிலுக்கு அடியில் மறைத்து ஓட்டுகிறீர்கள். அதே சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு பிள்ளை தூங்குகிறது. ஒரு மாடியில் பத்து அறைக்கு ஒரே படிக்கட்டு இருக்கும் கட்டடங்கள் அவை. வீட்டுக்காரர்களும் அறைக்கு அறை சப்மீட்டர் வைத்து மாதம் ஒருமுறை பார்த்தால் போதும், எங்கே என்ன ஓடுகிறது என்று தெரிந்துவிடும்.

எல்லாம் தெரிந்தும் ஓட்டத்தான் போகிறேன் என்பவர்கள் குறைந்தபட்சம் இதைச் செய்யுங்கள். டிபியிலிருந்து மெஷினுக்கென்றே தனியாக 4 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர், இடையில் ஜாயின்ட் இல்லாமல். அதற்கு 20 ஆம்பியர் எம்சிபி, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. சாதாரண சாக்கெட்டுக்குப் பதில் இண்டஸ்ட்ரியல் பிளக். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. வீட்டின் அனுமதிக்கப்பட்ட லோடை ஈ.பி. ஆபீஸில் உயர்த்திக்கொள்ளுங்கள். கட்டில், துணி, அட்டைப்பெட்டி பக்கத்தில் இல்லாத இடத்தில் வைத்து, மேலே ஒரு ஸ்மோக் அலாரம் மாட்டுங்கள்.

தொழில்நுட்பம் கற்றுக்கொள்வதுதான் ஆசை என்றால் 20 வாட்டுக்குள் ஓடும் பிட்டாக்ஸ் போன்ற சின்ன மெஷின் போதும். வருமானம் எதிர்பார்க்க முடியாது, ஆனால் ஹாஷ் என்றால் என்ன, பலர் மெஷின்களைச் சேர்த்து ஓட்டிப் பங்குபோடும் பூல் எப்படி வேலை செய்கிறது என்று முழுதாகப் புரியும். இரண்டு மாதத்துக்கு 30 யூனிட்கூட ஆகாது.

ஏற்கெனவே பெரிய மெஷின் ஓடிக்கொண்டிருக்கும் வீடுகளில் இன்றே ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு மணி நேரம் ஓடியபின் மெஷினை நிறுத்தி, ஸ்விட்சை ஆஃப் செய்து, பிளக்கைப் பிடுங்குங்கள். பின்களில் கருமையோ, பிளாஸ்டிக்கில் பழுப்போ தெரிகிறதா பாருங்கள். கையை அருகில் கொண்டுபோனாலே அனல் தெரிந்தால் அந்த சாக்கெட்டையும் பின்னால் வரும் வயரையும் மாற்றும்வரை மெஷினைத் திரும்பச் செருக வேண்டாம்.